கியூலிகாய்ட்ஸ் கடிப்பூச்சிகளும் கால்நடை நோய்களும்: சேலம், நாமக்கல் சமவெளி

கியூலிகாய்ட்ஸ் என்பது இரத்தம் குடிக்கும் மிகச் சிறிய ஈரிறகுப் பூச்சிகளின் பேரினம். உடல் நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். ஊரில் இதையும் கொசு என்றே சொல்லிவிடுவார்கள். கொசுவுக்கும் இதற்கும் உறவு தூரம். வாழும் இடமும் வேறு. உலகில் இதுவரை 1,300க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றில் சில பத்து இனங்களே கால்நடைகளுக்கு நோய்க்கிருமிகளைக் கொண்டுசேர்க்கின்றன. தமிழ்நாட்டில் இவற்றால் அதிகம் அடிபடுவது செம்மறி ஆடு. அதை வாட்டும் நோய் நீலநாக்கு.

பெண் பூச்சி மட்டுமே இரத்தம் குடிக்கும். முட்டை முதிர அதற்கு இரத்தப் புரதம் வேண்டும். ஆண் பூச்சிகள் தேனையும் செடிகளின் இனிப்பு நீரையும் உண்டு வாழ்கின்றன. அந்தி மயங்கும் நேரமும் விடியலுக்கு முந்தைய நேரமும் இவை கடிக்கும் பொழுது. காதுமடல், நெற்றி, அடிவயிறு போன்ற முடி குறைந்த இடங்களை நாடும். கொசுவைப் போல ஊசியாகக் குத்துவதில்லை. தோலைக் கீறிக் கசியவிட்டு, தேங்கும் இரத்தத்தை உறிஞ்சும். உடம்பின் அளவுக்குப் பொருந்தாத எரிச்சல் கடிவாயில் ஏற்படுவது அதனால்தான். உருப்பெருக்கிக் கண்ணாடியில் இறக்கையைப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளிகளின் அமைப்பை வைத்தே இனம் பிரிக்கிறார்கள். தென்னிந்தியத் தொழுவங்களில் கியூலிகாய்ட்ஸ் இமிகோலா, ஆக்சிஸ்டோமா, பெரிக்ரினஸ் ஆகிய இனங்கள் அதிகம் பதிவாகியுள்ளன.

இவை பிறக்கும் இடம்தான் இந்தக் கட்டுரையின் மையம். கொசுப்புழுவுக்குத் தேங்கிய நீர் வேண்டும். இந்தப் புழுவுக்கு ஈரச்சேறு போதும். சாணமும் சேறும் கலந்து, மேலே பாசி படர்ந்து, காலை வைத்தால் புதையும் மண் அதற்கு மெத்தை. தொட்டியில் மாடு தண்ணீர் குடிக்கும்போது சிந்துவதும், குழாய் மூடாமல் கசிவதும், கோமியம் ஓடிச் சேரும் பள்ளமும் ஆண்டு முழுதும் இந்தச் சேற்றைத் தருகின்றன. பாசன வாய்க்காலின் கசிவுக்கரை, குளத்தின் விளிம்பு, அறுவடைக்குப் பிந்தைய நெல்வயல் ஆகியவை மழைக்காலத்தில் இதோடு சேர்கின்றன. பெரிக்ரினஸ் இனம் மாட்டுச் சாணம் கலந்த சேற்றையே விரும்பும். கோடையிலும் மழைக்காலத்திலும் உள்ள வெப்பத்தில் முட்டை முழுப்பூச்சியாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்.

சேலம், நாமக்கல் சமவெளியை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்ததுதான் நாமக்கல் மாவட்டம். மண்ணும் நீரும் இன்றும் ஒன்றே. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகர் வழியாக நாமக்கல் மாவட்டத்துக்குள் இறங்கிக் காவிரியில் சேர்கிறது. ஜேடர்பாளையத்திலிருந்து பிரியும் ராஜவாய்க்கால் பரமத்தி வேலூர்ப் பக்கத்து வாழையையும் வெற்றிலைக் கொடிக்காலையும் நனைக்கிறது. மேட்டூர் அணையின் கால்வாய்கள் எடப்பாடி, சங்ககிரி வழியே ஈரத்தைக் கொண்டுபோகின்றன. அங்கிருந்து சற்று வடக்கே மேச்சேரிப் பக்கம் போனால் நிலம் காய்ந்து கிடக்கும். அந்த மேட்டாங்காட்டில் சேறு இருந்தால் அது மனிதர் உண்டாக்கியது: ஆழ்குழாய்த் தொட்டி வழிந்த இடம், கட்டுத்தறி ஓரம், எருக்குழி. ஊர் முழுக்க வறண்டிருந்தாலும் பட்டிக்குப் பக்கத்தில் நாலடி அகலத்துக்கு ஒரு நசநசத்த இடம் இருந்தால் பூச்சிக்கு அது போதும்.

மேச்சேரிச் செம்மறி இந்த வறண்ட நிலம் தந்த இனம். இளம் பழுப்பு நிறம், குட்டையான முடி, கிடாய்க்கும் பெட்டைக்கும் கொம்பில்லை. இறைச்சிக்காக வளர்க்கப்படும் இந்த ஆட்டின் தோலுக்குத் தோல் பதனிடும் தொழிலில் தனி மதிப்பு உண்டு. இதைக் காக்கவும் மேம்படுத்தவும் பொட்டனேரியில் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் 1978இல் தொடங்கப்பட்டது. இருபது முப்பது உருப்படி வைத்திருக்கும் குடும்பத்துக்குச் செம்மறிப் பட்டிதான் வங்கி. பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் மகளின் சீரும் அதிலிருந்துதான் எடுக்கப்படும். அந்தப் பட்டியில் நாலைந்து ஆடு ஒரு வாரத்தில் போவது என்ன இழப்பு என்பதை அதை வளர்த்தவர்களே சொல்ல முடியும்.

நீலநாக்கு நோயின் கிருமி ஆர்பிவைரஸ் வகையைச் சேர்ந்தது. அதன் மரபுப் பொருள் இரட்டை இழை ஆர்என்ஏ, 10 துண்டுகளாக இருக்கிறது. ஒரே விலங்கில் இரண்டு வகை வைரஸ் சேர்ந்தால் இந்தத் துண்டுகள் இடம் மாறிக் கலந்து புது வகை பிறக்கலாம். நெடுங்காலமாக அறியப்பட்ட சீரவகைகள் 24. அண்மைக் காலத்தில் மேலும் சில சேர்ந்துள்ளன. இவற்றில் பெரும்பாலானவை இந்தியாவில் தென்பட்டுள்ளன. ஒரு வகை தாக்கி மீண்ட ஆட்டுக்கு இன்னொரு வகையிலிருந்து முழுப் பாதுகாப்பு கிடைப்பதில்லை என்பதால் இந்த எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு.

நோய் முதலில் எழுத்தில் பதிவானது தென்னாப்பிரிக்காவில். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த மெரினோ ஆடுகள் அங்கே கூட்டமாக மடிந்தன. இரவில் கொட்டகையில் அடைத்தால் ஆடு தப்புகிறது, மேட்டு நிலத்துக்கு ஓட்டினால் தப்புகிறது என்பதை அங்குள்ள ஆட்டுக்காரர்கள் காரணம் தெரியாமலே கண்டுவைத்திருந்தார்கள். வடிகட்டியைத் தாண்டிச் செல்லும் அளவுக்கு நுண்ணிய கிருமிதான் காரணம் என்று 1906இல் ஆர்னால்டு தெய்லர் காட்டினார். அதைக் கொண்டுசெல்வது கியூலிகாய்ட்ஸ் என்று டு டாய்ட் நிறுவ 1944 ஆகிவிட்டது. கண்ணுக்கு எளிதில் படாத பூச்சி இவ்வளவு காலம் ஒளிந்திருந்ததில் வியப்பில்லை.

பூச்சி பிறக்கும்போதே வைரஸோடு பிறப்பதில்லை. நோயுள்ள விலங்கின் இரத்தத்தைக் குடித்த பிறகு வைரஸ் அதன் குடலில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வேண்டும். 25 பாகை செல்சியஸ் அளவில் இதற்குப் பத்து நாள், இரண்டு வாரம் ஆகும். பெரும்பாலான பூச்சிகள் அதற்குள் செத்துவிடும். தப்பிய சிலவே சாகும்வரை ஒவ்வொரு கடியிலும் வைரஸைச் செலுத்துகின்றன. குளிர்ந்தால் வைரஸ் பெருகாது. ஐரோப்பாவில் பனிக்காலம் வந்ததும் பரவல் ஓய்வது அதனால்தான். சேலத்துச் சமவெளியில் அப்படியொரு குளிர் எந்த மாதத்திலும் இல்லை. இங்கே பரவலை ஏற்றி இறக்குவது மழை. சேலத்தில் ஆவணி, புரட்டாசியிலேயே நல்ல மழை இறங்கிச் சேறு தயாராகிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையோடு ஐப்பசி, கார்த்திகையில் பூச்சி பெருகுகிறது. தமிழகத்தில் நீலநாக்கு கிளம்பும் காலமும் அதுவே.

பூச்சி கடித்த நான்கு முதல் எட்டு நாளில் ஆட்டுக்குக் காய்ச்சல் ஏறும். 105, 106 பாகை பாரன்ஹீட் போகும். தீவனத்தைத் தொடாது. முதலில் உதடு தடிக்கும். பிறகு முகம், காது, தாடைக்கு அடிப்புறம். பக்கத்தில் குந்தி வாயைத் திறந்து பார்த்தால் ஈறு செக்கச்செவேலென்று இருக்கும். நாக்கின் ஓரத்திலும் பல்லில்லாத மேல் ஈறுத் திண்டிலும் அரிப்புப் புண். மூக்கில் ஒழுகும் நீர் இரண்டொரு நாளில் சளியாகிக் காய்ந்து துவாரத்தை அடைக்கும். ஆடு வாயால் மூச்சு வாங்கும். குளம்புக்கு மேலே தோல் முடியும் இடத்தில் செந்நீலக் கோடு ஒன்று தெரியும். அந்த இடம் வலிப்பதால் ஆடு முழங்காலிட்டு மேயும், அல்லது படுத்தே கிடக்கும். சில ஆடுகளுக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகும்; சினையாடு குட்டி வீசும். நோய்க்குப் பெயர் தந்த நீல நாக்கு உண்மையில் எல்லா ஆட்டிலும் வருவதில்லை. நாக்கு நீலமாகட்டும் என்று காத்திருந்தவர்கள் நாட்களை இழந்திருக்கிறார்கள்.

கோமாரி, ஆட்டுக்கொல்லி, ஆட்டம்மை ஆகியவற்றோடு இதைக் குழப்பிக்கொள்வது எளிது. பட்டியில் நின்று பார்ப்பவருக்கு உதவும் அடையாளம் ஒன்று உண்டு: ஆட்டுக்கொல்லி என்றால் வெள்ளாடும் சேர்ந்து கழியும், இருமும். நீலநாக்கில் செம்மறிகள் தள்ளாட, அதே பட்டியில் வெள்ளாடு பெரும்பாலும் ஒன்றும் நடக்காததுபோல் தழை கடித்துக்கொண்டிருக்கும். உறுதிசெய்வது ஆய்வகம்தான். இரத்தம் உறையாமல் காக்கும் மருந்துள்ள குழாயில் மாதிரி எடுத்து, உறைய வைக்காமல் குளிர்ச்சியில் அனுப்ப வேண்டும். இந்த வட்டாரத்தில் 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மூத்தது. அண்மையில் தலைவாசலிலும் ஒரு கல்லூரி வந்துள்ளது.

வெள்ளாடும் மாடும் எருமையும் நோயில்லாமலே வைரஸைச் சுமக்கும். மாட்டின் இரத்தத்தில் அது இரண்டு மாதம் வரைகூட இருக்கும். பல கியூலிகாய்ட்ஸ் இனங்களுக்குச் செம்மறியைவிட மாடே பிடிக்கும். ஆகவே கட்டுத்தறியில் சாதுவாக அசைபோடும் பசு, வைரஸுக்குக் குதிர். செம்மறிக்கு விழ வேண்டிய கடிகளில் பெரும்பங்கை அதே பசு தன்மேல் வாங்கிக்கொள்கிறது என்பதும் உண்மை. இந்த இரண்டில் எது மேலோங்கும் என்பது தொழுவத்துச் சேற்றின் அளவைப் பொறுத்தது. பக்கத்துப் பட்டி ஆட்டிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று அயலாரோடு மனஸ்தாபம் கொள்வதில் பொருளில்லை. ஆடு ஆட்டைத் தொட்டு இது பரவுவது மிக அரிது. ஒரே ஊசியைப் பல ஆட்டுக்குப் போடுவது வேறு விஷயம். அதனால் பரவ முடியும். மனிதருக்கு இது தொற்றாது.

இந்தியாவில் இந்த நோய் முதலில் 1964இல் மகாராஷ்டிரத்திலிருந்து அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டுச் செம்மறிகளுக்கும் கலப்பினங்களுக்குமே ஆபத்து, நாட்டு ஆடு தாங்கும் என்ற நம்பிக்கை வெகுநாள் இருந்தது. தென்மாநிலங்கள் அதைப் பொய்யாக்கின. 1997–98இல் தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகத்தில் எழுந்த பெருந்தொற்றில் நாட்டுச் செம்மறிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. ஐரோப்பாவுக்கும் அப்படியொரு விழிப்பு 2006இல் வந்தது. நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனியில் 8ஆம் வகை வைரஸ் பரவியது. வடக்கத்திப் பூச்சிகள் அதைச் சுமக்கமாட்டா என்ற கணக்கு அங்கே தவறிப்போனது.

இந்தியாவில் 2001இல் நீலநாக்குக்கென அகில இந்திய ஆராய்ச்சி வலையமைப்பு அமைந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் அதில் பங்கேற்றது. 1, 2, 10, 16, 23 ஆகிய ஐந்து வகைகளுக்கும் எதிரான, செயலிழக்கச் செய்த வைரஸால் ஆன தடுப்பூசி அந்த உழைப்பில் உருவானது. உயிருள்ள வைரஸ் தடுப்பூசியைப் பூச்சி உறிஞ்சி, வெளி வைரஸோடு கலக்கவிடும் ஆபத்து இதில் இல்லை. மழைக்கு முன்பே போட்டால்தான் பயன். ஆடு படுத்த பிறகு போடும் ஊசி அந்த ஆட்டைக் காப்பாற்றாது.

பூச்சியைத் தடுப்பதில் எளியவையே பலன் தருகின்றன. தொட்டியடியில் சரளை கொட்டிக் கசிவை வடியவிட வேண்டும். எருக்குழியைப் பட்டியிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். பொழுது சாயுமுன் செம்மறிகளை மேட்டில் அடைக்க வேண்டும். வேப்பந்தழையும் நொச்சியும் போட்டு மூட்டம் இடும் வழக்கம் புகை நிற்கும்வரை கடியைக் குறைக்கும். காற்று திரும்பினால் அதுவும் போய்விடும். சாதாரணக் கொசுவலையின் கண்ணில் இந்தப் பூச்சி நுழைந்துவிடும். மின்விசிறி நல்ல காவல், ஏனெனில் இது வலுவாகப் பறக்கத் தெரியாதது. அதே காரணத்தால் காற்று தூக்கிக்கொண்டால் நூறு கிலோமீட்டர் தாண்டியும் போகும். ஒரு பட்டி மட்டும் சுத்தமாக இருந்து முழுதாகத் தப்ப முடியாது.

கியூலிகாய்ட்ஸ் கொண்டுவருவது நீலநாக்கு மட்டுமல்ல. கறவை மாட்டுக்கு வரும் மூன்று நாள் காய்ச்சலில் கொசுவோடு இதற்கும் பங்குண்டு எனக் கருதப்படுகிறது. குதிரைகளின் ஆப்பிரிக்கக் குதிரைநோய் 1960இல் மேற்காசியா வழியே இந்தியாவை எட்டி, அந்தப் பெரும்பரவலில் பல நாடுகளில் லட்சக்கணக்கான குதிரை இனங்களைக் கொன்றது. முட்டைக் கோழிப் பண்ணைகள் நிறைந்த நாமக்கல் கவனிக்க வேண்டியது லியூகோசைட்டோசூன் காலரி என்ற இரத்த ஒட்டுண்ணி. நெல்வயலில் பிறக்கும் கியூலிகாய்ட்ஸ் அரகாவே அதைப் பரப்புகிறது. கொண்டை வெளுப்பதும், பச்சை எச்சமும், முட்டை குறைவதும் அதன் அறிகுறிகள்.

நீலநாக்கு தாக்கிய ஆட்டுக்கு வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து வழக்கத்தில் இல்லை. நிழல், மென்மையான தரை, உப்புநீரில் வாய் கழுவுதல், புண்ணுக்கு போரிக் கிளிசரின், வாயில் கரையும் கம்பங்கூழ், துணைத் தொற்றுக்கு மருத்துவர் தரும் மருந்து ஆகியவற்றால் பல ஆடுகள் எழுந்துவிடுகின்றன. எழுந்தாலும் சதை திரும்ப மாதக்கணக்கில் ஆகும். குளம்பின் மேல்விளிம்பில் இருந்த செந்நீலக் கோடு, குளம்பு வளர வளர ஒரு குறுக்கு வரியாகக் கீழே இறங்கிக்கொண்டே வரும். மறு கோடையில் அந்த ஆட்டின் காலைத் தூக்கிப் பார்த்தால் சென்ற மழைக்காலத்துக் காய்ச்சல் அங்கே தெரியும்.