வானவில் ஓவியத்தின் ஆடை: ஏட்டிலிருந்து வந்ததா, தையற்கூடத்திலிருந்து வந்ததா?

ஹாட்ஃபீல்டு மாளிகையில் உள்ள முதலாம் எலிசபெத்தின் ‘வானவில் ஓவியம்’ பற்றி எழுத உட்காரும் எவரும் வரலாற்றாளர் ஃபிரான்ஸஸ் யேட்ஸுக்குப் பதில் சொல்லாமல் நகர முடிவதில்லை. 1959இல் வார்பர்க், கோர்ட்டால்டு கழகங்களின் ஆய்விதழில் அவர் எழுதியது மிகச் சிறிய குறிப்புதான். ஜான் ஜாக் பொய்சார் 1581இல் வெளியிட்ட பல நாட்டு உடைகளின் படநூலில் தெசலோனிகா நகரத்து மணமகள் ஒருத்தி இருக்கிறாள். அரசியின் விசித்திரமான தலையணி அவளுடையது என்று யேட்ஸ் காட்டினார். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் உள்ள பெயர் தெரியாத பெண்ணின் ஓவியத்துக்கும் அதே நூலின் பாரசீகக் கன்னி மூலம் என்றார். இரண்டு ஒப்பீடுகளும் இன்றுவரை அசையவில்லை.

அசைவது அதற்கு அடுத்த படி. தலையணி ஏட்டிலிருந்து வந்தது என்றால் மற்றதெல்லாமும் ஏட்டறிவின் விளைவே என்ற எண்ணம் யேட்ஸின் வாசிப்புக்கு அடியில் ஓடுகிறது. அவர் இதை ஒரு விதியாக எங்கும் சொல்லவில்லை. ஆனால் ஆரஞ்சு நிற மேலங்கி முழுக்கச் சிதறிக் கிடக்கும் கண்களையும் காதுகளையும் அவர் அணுகுவது அந்த வழியில்தான். கண், காது, வாய் மூன்றும் சேர்ந்தால் அது புகழ்த் தெய்வத்தின் அடையாளம். ஆகவே அரசியின் புகழ் உலகெங்கும் பறக்கிறது என்பது அவருடைய முடிவு. அதன்பின் ஒரு தலைமுறைக் காலம் இந்த ஓவியம் விடுகதையாகவே வாசிக்கப்பட்டது. ராய் ஸ்ட்ராங் அரசவையைக் காட்டினார், 1972இல் ரெனே கிராசியானி வேதாகமத்தைக் காட்டினார். அது ஒரு பெண்ணின் உடல்மேல் கிடக்கும் துணி என்பதைப் பேசியவர்கள் குறைவு.

முதலில் அந்த வாய். மேலங்கியில் கண்கள் தெளிவாக இருக்கின்றன, காதுகளும் அப்படியே. வாய் என்று சொல்லத்தக்கவை துணி மடிந்து குழிந்த இடங்களில் மட்டுமே ‘தெரிகின்றன’. கண்ணை வரையும்போது இமைமுடியைக்கூட விடாத ஓவியர், வாயை மட்டும் மடிப்போடு குழம்பும்படி விட்டிருப்பாரா? புகழ்த் தெய்வத்துக்கு நாக்கும் வாயும் இல்லாமல் ஆகாது. பேசினால்தான் புகழ் பரவும். வாயை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பார்ப்பதும் கேட்பதும். அது புகழைவிட ஆட்சியின் விழிப்புக்கே பொருந்தும். சேசரே ரீப்பாவின் உருவக விளக்க நூலான ‘ஐகோனொலோகியா’வில் இதற்கு இணைகள் உண்டு. அந்நூல் 1593இல் படங்களின்றி வந்தது. படங்களோடு வந்தது 1603இல், அரசி இறந்த ஆண்டில். எனவே ஓவியர் ரீப்பாவைப் பயன்படுத்தியிருந்தால் படித்துத்தான் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

யேட்ஸ் கேட்காத கேள்வி இன்னொன்று உண்டு. தெசலோனிகா மணமகளிடமிருந்து தலையணி மட்டும்தானே வந்திருக்கிறது? அவளுடைய உடை ஏன் வரவில்லை?

விடையின் ஒரு பகுதி அரசவைச் செய்திகளை எழுதியனுப்பிவந்த ரோலண்ட் வைட் 1600 ஜூனில் எழுதிய கடிதத்தில் கிடைக்கிறது. பிளாக்ஃபிரையர்ஸில் ஆன் ரஸ்ஸலுக்கும் ஹெர்பர்ட் பிரபுவுக்கும் நடந்த திருமணத்தையொட்டி எட்டுச் சீமாட்டிகள் ஆடவிருந்த ‘மாஸ்க்’ நடனத்தின் உடையை அவர் வரிசையாகச் சொல்கிறார்: வெள்ளிச் சரிகைப் பாவாடை, பட்டாலும் பொன், வெள்ளி இழைகளாலும் பூவேலை செய்த மேற்சட்டை, கைக்குக் கீழே சுற்றிவிட்ட இளஞ்சிவப்பு டஃபேட்டா மேலங்கி, தோளில் அவிழ்ந்து கிடக்கும் கூந்தல். வானவில் ஓவியத்தில் இடுப்புக்கு மேலே தெரிவதை ஓர் எழுத்தர் பட்டியலிட்டாலும் ஏறக்குறைய இதையேதான் எழுதுவார். பூவேலை மேற்சட்டை இருக்கிறது, ஒரு தோளில் கிடந்து உடலைச் சுற்றிவரும் மேலங்கி இருக்கிறது, அவிழ்ந்த கூந்தல் இருக்கிறது. அந்தத் திருமணத்தில் அறுபத்தாறு வயது அரசியும் எழுந்து ஆடினார்.

கடிதம் சொல்வது சீமாட்டிகளின் உடையை. அரசியின் உடையை அல்ல. ஓவியத்தின் மேலங்கி இளஞ்சிவப்பும் அல்ல. ஆகவே ‘இதுதான் அந்த உடை’ என்ற வாதம் நிற்காது. ‘இந்த வகை உடையை அந்த ஆண்டுகளில் லண்டனில் தைத்தார்கள், உடுத்தினார்கள், ஆடினார்கள்’ என்ற வாதம் நிற்கும். யேட்ஸுக்கு மறுப்பாக அதுவே போதும். தாழ்ந்த கழுத்து வெட்டையும் உருவகம் ஆக்கத் தேவையில்லை. 1598இல் கிரீனிச்சில் அரசியைப் பார்த்த ஜெர்மானியப் பயணி பால் ஹென்ட்ஸ்னர், மணமாகாத ஆங்கிலப் பெண்களின் வழக்கப்படி அவர் மார்பு திறந்திருந்ததைக் குறித்திருக்கிறார்.

இனி அந்த மேற்சட்டை. ஹெரிஃபோர்ட்ஷயரில் பேக்டன் என்ற சிற்றூர்த் தேவாலயத்தில் ஒரு பழைய பலிபீட விரிப்பு கண்ணாடிச் சட்டத்துக்குள் நெடுங்காலம் சுவரில் இருந்தது. பிரிட்டனின் வரலாற்று அரண்மனைகளின் காப்பாளராக இருந்த எலெரி லின் அதை ஆராய்ந்து, வெட்டுத் தடங்களைக் கொண்டு, அது ஒருகாலத்தில் பாவாடையாக இருந்த துணி என்றார். வெள்ளிச் சரிகைத் துணிமேல் நேரடியாகத் தைத்த பூக்கள் அதில் உள்ளன. ஊசி தவறினால் அந்தத் துணியில் ஓட்டை மறையாது. அதனால்தான் பெரும்பாலும் பூக்களை லினனில் தைத்து, வெட்டி ஒட்டவைத்தார்கள். துணியிலேயே துணிந்து தைத்த கை தொழில்முறைக் கையாகத்தான் இருக்கும். அந்தப் பூக்களும் வானவில் ஓவியத்து மேற்சட்டையின் பூக்களும் ஒரே பள்ளியைச் சேர்ந்தவை. 2019இல் ஹாம்ப்டன் கோர்ட்டில் இரண்டையும் அருகருகே வைத்தபோது எழுத்தில் வாதிட வேண்டிய பலவற்றைக் கண்ணே பார்த்துக்கொண்டது.

யேட்ஸுக்கு இங்கே ஒரு சலுகை தர வேண்டும். பூவேலைக்காரர்களே மூலிகை நூல்களின் மரச்செதுக்குப் படங்களைப் பார்த்துத்தான் பூ வரைந்தார்கள். ஏடு ஓவியத்துக்குள் வந்த பாதைகளில் ஒன்று தையற்கூடத்தின் வழியாகவும் போகிறது. அந்தப் பாதையை அவர் பார்க்கவில்லை.

பேக்டன் துணியும் தன் சிக்கலோடுதான் வருகிறது. அரசியின் அணுக்கத் தோழி பிளான்ச் பாரி அந்த ஊர்க்காரர்; தேவாலயத்தில் அரசியின் முன் மண்டியிட்ட அவர் சிலை உண்டு. துணியை அவரோடு இணைப்பது இயல்பு. ஆனால் அவர் இறந்தது 1590இல். பூவேலையின் பாணி அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளைச் சுட்டுகிறது. தோழியின் நினைவாக அரண்மனை பின்னர் அனுப்பியிருக்கலாம். அதைவிட உறுதியாகச் சொல்வது ஆசையே தவிர ஆதாரம் அல்ல.

ஓவியத்தின் காலமும் இப்படித்தான் வழுக்குகிறது. இடப்பக்கம் எழுதிய ‘நோன் சினே சோலே இரிஸ்’, அதாவது சூரியனின்றி வானவில் இல்லை என்ற வாசகம், ஆண்டு எதையும் தரவில்லை. 1602 டிசம்பரில் ராபர்ட் செசில் தம் ஸ்ட்ராண்ட் இல்லத்தில் அரசிக்கு விருந்தளித்தார். அதையொட்டி இது வரையப்பட்டது என்பது ஸ்ட்ராங்கின் கருத்து. செசில் குடும்பத்திடம் ஓவியம் இருப்பது அதற்குத் துணை. ஆனால் ஹாட்ஃபீல்டு அரண்மனை நிலம் செசிலுக்குக் கைமாறியதே 1607இல். இன்றைய மாளிகை அதன்பின் எழுந்தது. உடையை மட்டும் வைத்துப் பார்த்தால் 1600க்கும் 1602க்கும் இடையில் எந்த ஆண்டும் பொருந்தும். வரைந்தவர் ஐசக் ஆலிவரா, இளைய மார்க்கஸ் கெரார்ட்ஸா என்பதையும் ஆடை தீர்த்துவைக்காது.

கண்களும் காதுகளும் பதித்த மேலங்கி ஒன்று உண்மையில் தைக்கப்பட்டதா? மேற்சட்டைக்குப் பேக்டன் துணை இருக்கிறது, சுற்றிய முறைக்கு வைட்டின் கடிதம் இருக்கிறது, தலையணிக்குப் பொய்சார் இருக்கிறார். மேலங்கிக்கு இத்தகைய சாட்சி இல்லை. அந்த ஒரு துண்டில் யேட்ஸின் அணுகுமுறைக்கு இன்னும் இடம் உண்டு. துணியைக் கொண்டு சோதிக்கும் வழியும் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. எலிசபெத் இறந்த அடுத்த குளிர்காலத்தில், 1604 ஜனவரியில் ஹாம்ப்டன் கோர்ட்டில் ஆடவிருந்த சாமுவேல் டேனியலின் மாஸ்க் நடனத்துக்காக, புதிய அரசி டென்மார்க்கின் ஆன் பழைய அரசியின் உடைகளை லண்டன் கோபுரத்துப் பெட்டகங்களிலிருந்து எடுக்க ஆணையிட்டார். அவற்றை வெட்டி, நடனத்துக்கு ஏற்றபடி புதிதாகத் தைத்தார்கள்.