பதிப்பில் மறைந்த குழந்தை

பழைய நாவல்களின் பல பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பவர்களைக் கண்டு, "கதை ஒன்றுதானே, எத்தனை முறை வாங்குவது?" என்று வியப்பவர் உண்டு. விக்டோரியா அரசியார் காலத்து ஆங்கில நாவல்களைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு விடை எளிது. பதிப்புக்குப் பதிப்பு கதையே மாறியிருக்கிறது. தாமஸ் ஹார்டி எழுதிய 'டெஸ்' என்னும் நாவலின் வரலாறு இதற்குத் தக்க சான்று. கிறிஸ்தவ வாசகராகிய நாம் நின்று நோக்க வேண்டிய செய்தி ஒன்றும் அதனுள் அடங்கியிருக்கிறது.

அக்காலத்தில் புதிய நாவல்கள் பெரும்பாலும் மூன்று தொகுதிகளாகவே வெளிவந்தன. விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். பண்ணைத் தொழிலாளி ஒருவரின் இரு வாரக் கூலியினும் இது மிகுதி. ஆகவே மக்கள் நூல்களை விலைக்கு வாங்காமல் சந்தா நூலகங்களில் இரவல் பெற்றே படித்தனர். 1842-இல் தொடங்கிய மூடி நூலகம் அவற்றுள் தலையாயது. ஆண்டுக்கு ஒரு கினி செலுத்தினால் ஒரு முறைக்கு ஒரு தொகுதி கிடைக்கும். குடும்பத்தார் கூடியமர்ந்து படிக்கத் தகாதது என்று அந்நூலகம் ஒதுக்கிய நூலுக்கு விற்பனை அரிதாயிற்று. இதழ்களில் வரும் தொடர்கதைகளுக்கும் இதே அளவுகோல்தான். இவ்விரு கட்டுப்பாடுகளும் நாவலாசிரியனை உண்மை எழுதவிடாமல் தடுக்கின்றன என்று 1890-இல் ஹார்டி ஒரு கட்டுரையில் வெளிப்படையாகவே குறைகூறினார்.

அவர் அவ்வாறு எழுதியதற்குக் காரணம் இருந்தது. 'டெஸ்' கதையை 1889-இல் மூன்று நிறுவனங்கள் அடுத்தடுத்து மறுத்துவிட்டன. இறுதியில் 'கிராபிக்' என்னும் படவார இதழ் 1891 ஜூலை முதல் டிசம்பர் வரை அதனைத் தொடராக வெளியிட்டது. ஆனால் அதற்குள் ஹார்டி தம் கையாலேயே கதையின் உயிர்நிலையான பகுதிகளை வெட்டி எடுக்க நேர்ந்தது.

வெட்டப்பட்டவற்றுள் ஒன்று திருமுழுக்குக் காட்சி. செல்வந்தன் ஒருவனால் கெடுக்கப்பட்ட ஏழைப் பெண் டெஸ். அவள் பெற்ற குழந்தை நள்ளிரவில் சாகும் தறுவாயில் கிடக்கிறது. குடும்ப மானம் போய்விடும் என்று அஞ்சிய தந்தையோ, குருவானவரை உள்ளே விடாமல் கதவைப் பூட்டிச் சாவியைத் தம் பையில் போட்டுக்கொள்கிறார். டெஸ் தன் சிறு தம்பி தங்கையரை எழுப்பி, முகம் கழுவும் மேசையைச் சுற்றி மண்டியிடச் செய்கிறாள். ஒரு தங்கை செபப் புத்தகத்தை விரித்துப் பிடிக்கிறாள். துயரம் என்று பொருள்படும் 'சாரோ' என்ற பெயரிட்டு, அந்தத் தாயே தன் மகவுக்குத் திருமுழுக்கு அளிக்கிறாள். விடியற்காலையில் குழந்தை இறந்துவிடுகிறது. கல்லறைத் தோட்டத்தில், திருமுழுக்குப் பெறாதோர்க்கென்று விடப்பட்ட முட்செடி மண்டிய மூலையில் அது புதைக்கப்படுகிறது. பழப்பாகு ஜாடி ஒன்றில் தாய் மலர்களை வைத்துச் செல்கிறாள்.

குரு இல்லாத ஆபத்து வேளையில் எவரும் திருமுழுக்கு அளிக்கலாம் என்று சிறுவயதிலேயே கற்றவர்கள் நாம். அப்படியிருக்க, இக்காட்சியில் தீயது எது? ஆயினும் 'கிராபிக்' படித்தவர்கள் இதனைக் காணவில்லை. பொய்த் திருமணம் ஒன்றால் டெஸ் ஏமாற்றப்பட்டாள் என்று அங்கே கதை மாற்றப்பட்டிருந்தது. குழந்தை பிறக்கவே இல்லை. வெள்ளம் தேங்கிய பாதையில் ஏஞ்சல் கிளேர் என்பவன் பால்பண்ணைப் பெண்களைக் கைகளில் தூக்கிக் கடத்தும் காட்சியிலும், தள்ளுவண்டி ஒன்று புகுத்தப்பட்டது.

இதழ் நடத்தியோரைத் தீயவர் என்று இகழ்வதற்கில்லை. இளையோர் மனம் கெடலாகாது என்னும் கவலை இன்று நமக்கும் உண்டு. ஆனால் பாவம் கண்ணில் படக்கூடாது என்று அவர்கள் கத்தரியை எடுத்தபோது, ஒரு தாயின் மன்றாட்டும் அதனோடு சேர்ந்து வெட்டுண்டது. கதையில் டெஸ்ஸின் தந்தை பூட்டிய அதே கதவை, நன்னோக்கத்தோடு அவர்களும் பூட்டினார்கள்.

நல்லவேளையாக, அப்பகுதி அழிந்துபோகவில்லை. 1891 மே மாதத்திலேயே 'நள்ளிரவுத் திருமுழுக்கு' என்ற பெயரில் வேறோர் இதழில் அது தனியாக வெளிவந்திருந்தது. அவ்வாண்டின் இறுதியில் மூன்று தொகுதிகளாக நூல் அச்சானபோது, சிதறியவற்றை ஹார்டி ஒன்றுகூட்டினார். ஆயிரம் படிகள் அச்சிடப்பட்டன. அவற்றின் முகப்பில் 'தூய பெண்' என்ற துணைத்தலைப்பும் இடம்பெற்றது. மறு ஆண்டு ஆறு ஷில்லிங் விலையில் ஒரே தொகுதியாக வெளிவந்தபின் எளியோரும் வாங்க முடிந்தது. நீக்கப்பட்டிருந்த நடனக் காட்சியொன்று 1912-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் நூலுக்குள் சேர்ந்தது. இம்மாற்றங்களையெல்லாம் ஒப்பிட்டுக் காட்டும் ஆய்வுப் பதிப்பை ஆக்ஸ்போர்டு 1983-இல் வெளியிட்டது.

முதற்பதிப்பை வாங்கும் செல்வம் நம்மில் பலருக்கு இல்லை. அதனால் இழப்புமில்லை. மலிவான பதிப்பேயாயினும், எந்த ஆண்டின் பாடத்தைத் தழுவியது என்று முன்னுரையில் பார்த்து வாங்குவோம். சுருக்கப் பதிப்பாயின் எது சுருக்கப்பட்டது என்று கேட்போம். நாம் மேன்மையானது என்று கருதி வீட்டிலும் பங்கிலும் பிறர்க்குச் சொல்லும் கதைகளிலும்கூட, மானம் கருதி நாம் விட்டுவிட்ட ஒரு குழந்தை எங்கோ ஒரு மூலையில் கிடக்கக்கூடும். அதன் பெயரைத் தேடி எழுதிச் சேர்ப்பதும் ஓர் அறச்செயலே.