சேற்றில் ஊன்றிய துறை

கப்பல் கட்டுந் தொழிலில் கண்ணுக்குத் தெரிவது கப்பல். தெரியாதது அது எழும் தரை. ஜப்பான் நாட்டுக் கோபே நகரிலுள்ள கவாசாகி கப்பல் கட்டும் தளத்தின் வரலாற்றை நோக்குவோர்க்கு இது நன்கு விளங்கும். தனியார் முயற்சி ஒன்று எவ்வாறு வேரூன்றியது, எவ்வாறு வேகங் கொண்டது, அவ்வேகத்திற்குரிய விலையை யார் கொடுத்தனர் என்பனவற்றை இங்கே சிறிது ஆராய்வோம்.

தளத்தை நிறுவிய கவாசாகி ஷோசோ 1837-இல் ககோஷிமாவில் துணி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கடல் வாணிபத்தில் ஈடுபட்டு, கப்பல் விபத்துகளில் சிக்கி உயிர் தப்பியவர் அவர். நாட்டு மரக்கலங்களைவிட மேனாட்டு முறையில் அமைந்த கப்பல்களே உறுதியுடையவை என்று தெளிந்து, 1878-இல் டோக்கியோவில் ஒரு தளத்தைத் தொடங்கினார். அரசாங்கம் தான் அமைத்த தொழிற்சாலைகளைத் தனியாரிடம் ஒப்படைத்து வந்த காலம் அது. 1886-இல் கோபேயை அடுத்த ஹியோகோவிலிருந்த அரசாங்கத் தளமும் அவர் கைக்கு வந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் அது பங்குக் கம்பெனியாயிற்று. பிரதம மந்திரியாக விளங்கிய மாட்சுகாட்டா மசயோஷியின் மகன் கோஜிரோ, முப்பது வயதில் அதன் முதல் தலைவரானார்.

புதிய தலைவர் முதலில் போராட வேண்டியிருந்தது மண்ணோடுதான். பெரிய கப்பல்களைச் செப்பனிட உலர்துறை இன்றியமையாதது. கப்பலை உள்ளே விட்டு, வாயிலை அடைத்து, நீரை இறைத்துவிட்டால் அதன் அடிப்பகுதி வேலைக்கு எளிதாகும். ஆனால் அவ்விடத்துத் தரையோ மினாத்தோ ஆறு கொணர்ந்து சேர்த்த மணலும் சேறும். தோண்டத் தோண்டச் சரிந்தது. இறுதியில் நீண்ட மரங்களை நெருக்கமாக அடித்து இறக்கி, நீருக்கடியிலேயே கான்கிரீட் வார்த்து அடித்தளம் அமைத்தனர். 1896-இல் தொடங்கிய வேலை 1902-இல்தான் முற்றுப்பெற்றது.

பொறுமையால் ஊன்றிய அத்தளத்தை முதல் உலகப் போர் வேகத்தின்பால் இழுத்தது. எங்கும் கப்பல் பஞ்சம். விலையோ நாளுக்கு நாள் ஏறிற்று. வாங்குவோர் வருமுன்னரே ஒரே அமைப்பில் கப்பல்களைக் கட்டி வைத்து, கேட்டவர்க்கு விற்கும் துணிவான முறையை மாட்சுகாட்டா மேற்கொண்டார். 1918 இலையுதிர் காலத்தில் 'ரைஃபுக்கு மாரு' என்னும் சரக்குக் கப்பல் முப்பதே நாட்களில் கட்டி முடிக்கப்பட்டு உலகை வியக்கச் செய்தது. ஆனால் அது முடிந்த சில நாட்களுக்குள் போரும் முடிந்தது. விற்பனை மந்தமாயிற்று. தேங்கிய கப்பல்களைக் கொண்டே 1919-இல் கவாசாகி கப்பல் போக்குவரத்துக் கம்பெனி தோன்றியது. ரைஃபுக்கு மாருவோ 1925-இல் அட்லாண்டிக் புயலில் மூழ்கியது; அதிலிருந்த 38 பேரும் மாண்டனர்.

இவ்வேகத்தைத் தம் தோளில் சுமந்தவர்கள் தொழிலாளர்கள். 1919-இல் அவர்கள் தளத்தினுள் இருந்துகொண்டே வேலையை மெதுவாகச் செய்து தம் குறையை உணர்த்தினர். மாட்சுகாட்டா எட்டு மணி நேர வேலைமுறையை ஏற்றார். ஜப்பானியத் தொழில் வரலாற்றில் அது ஒரு முன்னோடிச் செயல். எனினும் 1921 கோடையில், சங்கத்தின் மூலம் பேசும் உரிமை கேட்டுக் கவாசாகி, மிட்சுபிஷி தளங்களின் தொழிலாளர் முப்பதினாயிரம் பேர் கோபே வீதிகளில் அணிவகுத்தபோது அவ்வுரிமை கிட்டவில்லை. படை வரவழைக்கப்பட்டது; ஆகஸ்டு மாதத்தில் வேலைநிறுத்தம் தோல்வியுற்றது. அதை வழிநடத்தியவர்களுள் ஒருவர் தொயோஹிகோ ககாவா. 1938-இல் சென்னையை அடுத்த தாம்பரத்தில் நடந்த உலகக் கிறிஸ்தவ மாநாட்டுக்கு வந்து, அடுத்த மாதம் காந்தியடிகளைக் கண்டு உரையாடியவரும் அவரே.

வேலைநிறுத்தம் நடந்த அந்நாளில் மாட்சுகாட்டா ஐரோப்பாவில் ஓவியங்கள் வாங்கிக்கொண்டிருந்தார். மேனாட்டுக் கலையைத் தம் நாட்டு மக்கள் காண ஒரு காட்சிசாலை அமைப்பது அவரது நோக்கம். அதற்குள் காலம் மாறியது. 1922-ஆம் ஆண்டின் வாஷிங்டன் உடன்படிக்கையால் போர்க்கப்பல் வேலைகள் குறைந்தன. 1927-இல் கம்பெனிக்குக் கடன் உதவி வந்த பதினைந்தாவது வங்கி கதவடைத்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர், மறு ஆண்டு மாட்சுகாட்டாவும் பதவி துறந்தார். ஜப்பானுக்கு வந்திருந்த ஓவியங்கள் ஏலத்தில் சிதறின. லண்டனில் இருந்தவை 1939-இல் தீக்கிரையாயின. பாரிஸில் எஞ்சியவற்றைப் பிரெஞ்சு அரசாங்கம் கைப்பற்றி, பின்னர் அவற்றுள் பெரும்பகுதியைத் திருப்பியளித்தது. அவற்றுக்காக 1959-இல் டோக்கியோவில் திறக்கப்பட்ட தேசிய மேனாட்டுக் கலைக் காட்சிசாலையை வரைந்தவர், நமது சண்டிகரை வகுத்த லே கார்புசியேதான். அதனைக் காண மாட்சுகாட்டா உயிரோடில்லை.

தளம் மட்டும் நிலைத்தது. கோபேயில் இன்றும் நீர்மூழ்கிக் கப்பல்கள் உருவாகின்றன. சேற்றில் எழுந்த அந்த முதல் உலர்துறை 1998-இல் பண்பாட்டுச் சின்னமாகப் பதிவு பெற்றது. முப்பது நாளில் முடிந்த கப்பல் ஏழாண்டே மிதந்தது. ஆறாண்டு உழைத்து அமைத்த துறை நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. நிலத்தின் அடித்தளத்தைக் காட்டிய அதே பொறுமையோடு, தொழிலுக்கு அடித்தளமான மனிதரையும் எண்ணியிருந்தால், 1921-இன் கோடை வேறு விதமாக முடிந்திருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது.