அமெரிக்க இளையோர் கூடைப்பந்தாட்டக் கழகங்கள்

அமெரிக்க இளையோர் கூடைப்பந்தாட்டக் கழகங்கள் என்பவை ஐக்கிய அமெரிக்காவில் பள்ளிகளுக்கு வெளியே சிறுவர் சிறுமியருக்குக் கூடைப்பந்தாட்டப் பயிற்சியும் போட்டி வாய்ப்பும் வழங்கும் அமைப்புகள் ஆகும். ஏறத்தாழ 7 முதல் 18 அகவை வரையிலானோர் இவற்றில் ஆடுகின்றனர். அமெச்சூர் அத்லெட்டிக் யூனியன் என்னும் அமைப்பின் பெயரால், பொதுமக்கள் இவ்வகை ஆட்டம் முழுவதையுமே சுருக்கமாக "ஏஏயு கூடைப்பந்து" என்று அழைப்பது வழக்கம். எனினும் எல்லாக் கழகங்களும் அந்த அமைப்பில் பதிவு செய்தவை அல்ல.

பள்ளி அணிகள் அப்பள்ளியின் மாணவர்களை மட்டுமே கொண்டவை. கழக அணிகளோ பல பள்ளிகள், பல ஊர்களிலிருந்து ஆட்டக்காரர்களைத் திரட்டுகின்றன. கல்லூரிப் பயிற்றுநர்கள் இளம் ஆட்டக்காரர்களைக் கண்டறியும் முதன்மைக் களங்களுள் ஒன்றாக இக்கழகப் போட்டிகள் உள்ளன. இதனால் இவை விளையாட்டாக மட்டுமன்றி, கல்வி உதவித்தொகைக்கான வழியாகவும் பல குடும்பங்களால் கருதப்படுகின்றன.

வரலாறு

கூடைப்பந்தாட்டத்தை 1891 டிசம்பரில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கினார். அதற்கு முன்னரே, 1888இல், அமெச்சூர் அத்லெட்டிக் யூனியன் தொடங்கப்பட்டிருந்தது. இவ்வமைப்பு 1897இல் ஆடவருக்கும் 1926இல் மகளிருக்கும் தேசியக் கூடைப்பந்தாட்டப் போட்டிகளை நடத்தத் தொடங்கியது. அக்காலத்தில் இதன் கவனம் வயது வந்த ஆட்டக்காரர்கள் மீதே இருந்தது. நிறுவனங்களின் ஊழியர் அணிகள் பல இப்போட்டிகளில் ஆடின.

1978இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய அமெச்சூர் விளையாட்டுச் சட்டம், ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பொறுப்பை ஒவ்வொரு விளையாட்டுக்கும் உரிய தனி ஆட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்தது. இதன் பின்னர் யூனியன் தன் கவனத்தை இளையோர் விளையாட்டின் மீது திருப்பியது. 1990களில் அதன் தலைமையகம் புளோரிடா மாநிலத்துக்கு மாறியது. ஒர்லாண்டோ நகரை அடுத்த டிஸ்னி விளையாட்டு வளாகம் அதன் தேசியப் போட்டிகள் பலவற்றின் களமாயிற்று.

பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் 1972இல் நிறைவேறிய பின், பள்ளி, கல்லூரிகளில் பெண்கள் விளையாட்டு வளர்ந்தது. அதன் தொடர்ச்சியாகச் சிறுமியர் கழகங்களும் பெருகின.

காலணி நிறுவனங்களின் வருகை இத்துறையில் பெரிய மாற்றத்தை ஏற்படுத்தியது. அப்போது நைக்கி நிறுவனத்துடன் பணியாற்றிய சன்னி வக்காரோ, சிறந்த உயர்நிலைப்பள்ளி ஆட்டக்காரர்களுக்கான ஏபிசிடி முகாமை 1984இல் தொடங்கினார். பின்னர் நிறுவனங்கள் கழக அணிகளுக்கே உடை, காலணி, பயணச் செலவு ஆகியவற்றை வழங்கத் தொடங்கின. 2010இல் நைக்கி நிறுவனம் இளையோருக்கான தனித் தொடர்போட்டியை அமைத்தது. அடிடாஸ், அண்டர் ஆர்மர் ஆகிய நிறுவனங்களும் இவ்வாறே தொடர்களை நடத்துகின்றன.

அமைப்பு

ஒரு கழகம் பொதுவாக வயது அல்லது வகுப்பு அடிப்படையில் பல அணிகளைக் கொண்டிருக்கும். ஓர் அணியில் பெரும்பாலும் 8 முதல் 12 பேர் வரை இருப்பர். கழகங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

பெற்றோர் நடத்தும் அணிகள்: ஒரே ஊரைச் சேர்ந்த சில குடும்பங்கள் சேர்ந்து அமைப்பவை. பயிற்றுநர் பெரும்பாலும் ஊதியம் பெறாத பெற்றோர் ஒருவரே. செலவு குறைவு, பயணமும் அருகிலுள்ள ஊர்களோடு நின்றுவிடும்.

கட்டணக் கழகங்கள்: ஊதியம் பெறும் பயிற்றுநர்களும் பல அணிகளும் கொண்டவை. சில இலாப நோக்கற்ற அமைப்புகளாகப் பதிவு செய்யப்பட்டுள்ளன. சில வணிக நிறுவனங்களாக இயங்குகின்றன.

நிறுவன ஆதரவு பெற்ற கழகங்கள்: காலணி நிறுவனங்களின் தொடர்களில் ஆடுபவை. இவற்றின் உயர்மட்ட அணிகளில் இடம் பெறுவோர் பெரும்பாலும் கட்டணம் செலுத்துவதில்லை. ஆயினும் அதே கழகத்தின் கீழ்மட்ட அணிகளில் உள்ளோர் முழுக் கட்டணம் செலுத்த நேரிடலாம். கழகத்தின் பெயர் ஒன்றே என்பதால் அணிகளின் தரமும் ஒன்றே என்று கொள்ள இயலாது.

இவற்றையெல்லாம் கட்டுப்படுத்தும் ஒரே ஆட்சி அமைப்பு எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரு கழகத்தைத் தொடங்கலாம். பதிவு, காப்பீடு, பயிற்றுநர் தகுதி ஆகியவை, அணி எந்த அமைப்பின் போட்டியில் ஆடுகிறதோ அதன் விதிகளைப் பொறுத்தவை.

ஆண்டுச் சுழற்சி

உயர்நிலைப்பள்ளிப் பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை நடைபெறும். பல மாநிலங்களில், பள்ளிப் பருவத்தின்போது அதே மாணவர் கழக அணியில் ஆடுவது தடை செய்யப்பட்டுள்ளது. ஆகவே உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கான கழகப் பருவம் மார்ச்சில் தொடங்கி ஜூலை இறுதி வரை நீடிக்கிறது. சிறுவர் அணிகள் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் ஆடுவதுண்டு.

பருவத் தொடக்கத்தில் தேர்வு முகாம் நடைபெறும். தேர்ந்தெடுக்கப்பட்டோர் வாரத்துக்கு ஓரிரு முறை பயிற்சி பெறுவர். போட்டிகள் பெரும்பாலும் வார இறுதிகளில் நடத்தப்படுகின்றன. ஓர் அணி வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை நான்கு அல்லது ஐந்து ஆட்டங்கள் ஆடுவது வழக்கம். இதற்கென ஒரே கூரையின் கீழ் பல ஆடுகளங்களைக் கொண்ட பெரிய அரங்குகள் உள்ளன.

வயதுப் பிரிவுகள் ஆகஸ்டு 31 போன்ற ஒரு குறிப்பிட்ட நாளை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. உரிய வகுப்பில் பயில்வோருக்குச் சில போட்டிகளில் ஓராண்டு வரை விலக்கு அளிக்கப்படும். பிறப்புச் சான்றிதழும் பள்ளி மதிப்பெண் அட்டையும் இதற்குச் சான்றாகக் கேட்கப்படும். உடல் வளர்ச்சியில் முந்திக்கொள்ளும் நோக்கில் பிள்ளைகளை ஒரே வகுப்பில் இருமுறை பயில வைக்கும் வழக்கமும் சில குடும்பங்களிடையே உள்ளது.

ஆட்டக்காரர்களுக்கான நெறிகள்

அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட ஆட்சி அமைப்பான யுஎஸ்ஏ பாஸ்கட்பாலும் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கமான என்பிஏயும் இணைந்து 2016இல் இளையோருக்கான நெறிமுறைகளை வெளியிட்டன. அவற்றின்படி 7–8 அகவையினர் வாரத்துக்கு 1 ஆட்டமும், 9–11 அகவையினர் 1 முதல் 2 ஆட்டங்களும், 12–14 அகவையினர் 2 ஆட்டங்களும், உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் 2 முதல் 3 ஆட்டங்களும் ஆடுவதே போதுமானது. வாரத்தில் ஒரு நாளேனும் ஓய்வு வேண்டும் என்றும், 14 அகவைக்கு முன் ஒரே விளையாட்டில் மட்டும் ஈடுபடுதல் தவிர்க்கப்பட வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. வார இறுதியில் ஐந்து ஆட்டங்கள் என்னும் நடைமுறை இந்நெறிகளை மீறுவது வெளிப்படை.

பின்னர் வெளியான விதிகளில், 7–8 அகவையினருக்குக் கூடை வளையத்தின் உயரம் வழமையான 10 அடிக்குப் பதிலாக 8 அடியாகவும், 9–11 அகவையினருக்கு 9 அடியாகவும் பரிந்துரைக்கப்பட்டது. இவ்விரு பிரிவுகளிலும் மண்டலத் தடுப்பாட்டம் கூடாது. சிறுவர்களால் தொலைவிலிருந்து பந்தை எறிய இயலாததால், மண்டலத் தடுப்பாட்டம் எளிதில் வெற்றி தரும். ஆனால் எதிராளியைத் தனியாக எதிர்கொள்ளும் திறனை அது வளர்ப்பதில்லை என்பதே காரணம். இவை பரிந்துரைகளே. இவற்றைப் பின்பற்றுவது போட்டி நடத்துவோரின் விருப்பத்தைப் பொறுத்தது.

கணுக்கால் சுளுக்கு, மிகைப் பயன்பாட்டால் வரும் முழங்கால் வலி ஆகியன பரவலான காயங்கள் ஆகும். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிதல் சிறுவரைக் காட்டிலும் சிறுமியரிடையே மிகுதியாகக் காணப்படுகிறது. தாவியபின் முறையாகத் தரையிறங்குவதற்கான பயிற்சிகள் இந்த ஆபத்தைக் குறைக்கின்றன.

பெற்றோரும் செலவும்

கழகக் கட்டணத்தில் பொதுவாகப் பயிற்சிக்கூட வாடகை, போட்டி நுழைவுக் கட்டணம், சீருடை, பயிற்றுநர் ஊதியம் ஆகியவை அடங்கும். பயணம், விடுதி, உணவு ஆகிய செலவுகள் பெரும்பாலும் தனி. போட்டி அரங்கினுள் செல்லப் பெற்றோரும் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். வெளியூர் அணிகள் தாங்கள் குறிப்பிடும் விடுதிகளிலேயே தங்க வேண்டும் என்று போட்டி நடத்துவோர் சிலர் நிபந்தனை விதிக்கின்றனர்.

ஆஸ்பென் நிறுவனத்தின் ஆய்வின்படி, அமெரிக்கக் குடும்பம் ஒன்று தன் பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்கு 2024இல் சராசரியாக 1,016 டாலர் செலவிட்டது. இது 2019ஐ விட 46 விழுக்காடு மிகுதி. இத்தொகை எல்லா விளையாட்டுகளையும் உள்ளடக்கியது; நெடுந்தொலைவு பயணம் செய்யும் அணிகளில் செலவு இதனினும் பன்மடங்காகும்.

கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் பொதுவாகக் கேட்டறியும் விவரங்கள் பின்வருமாறு:

* முழுப் பருவத்துக்கான மொத்தச் செலவு, தவணை வசதி, இடையில் விலகினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பது
* பயிற்சி நேரத்துக்கும் ஆட்டங்களின் எண்ணிக்கைக்கும் உள்ள விகிதம்
* ஆடும் நேரம் அனைவருக்கும் சமமாகப் பகிரப்படுமா, பயிற்றுநரின் முடிவுக்கு விடப்படுமா என்பது
* குழந்தையோடு பணியாற்றப் போகும் பயிற்றுநர் யார், அவருடைய பின்னணி சரிபார்க்கப்பட்டதா என்பது
* விபத்துக் காப்பீட்டின் அளவு
* வசதி குறைந்தோருக்குக் கட்டணச் சலுகை உண்டா என்பது

கட்டணம் செலுத்துவதால் அணியில் இடம் கிடைக்கிறது. களத்தில் ஆடும் நேரம் உறுதியாவதில்லை. பெற்றோருக்கும் கழகங்களுக்கும் இடையே எழும் பிணக்குகளுக்கு இவ்வேறுபாடே பெரும்பாலும் காரணமாகிறது.

கல்லூரித் தேர்வு

தேசியக் கல்லூரித் தடகளச் சங்கமான என்சிஏஏ, கல்லூரிப் பயிற்றுநர்கள் கழகப் போட்டிகளை நேரில் காணக்கூடிய நாட்களை வரையறுத்துள்ளது. அவர்கள் சங்கத்தின் சான்று பெற்ற போட்டிகளுக்கு மட்டுமே செல்லலாம். ஒரே அரங்கில் நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களைக் காண முடிவதால், பள்ளிப் போட்டிகளை விட இவை அவர்களுக்கு ஏற்றவையாக உள்ளன.

ஆயினும் வாய்ப்புகள் குறைவு. 2018–19 கல்வியாண்டில் சுமார் 5,40,000 மாணவர்களும் சுமார் 4,00,000 மாணவியரும் உயர்நிலைப்பள்ளிகளில் கூடைப்பந்து ஆடினர். இவர்களுள் என்சிஏஏ கல்லூரி அணிகளில் ஆடும் நிலையை எட்டுவோர் மாணவரில் சுமார் 3.5 விழுக்காடு, மாணவியரில் சுமார் 4 விழுக்காடு. முதற்பிரிவுக் கல்லூரிகளை அடைவோர் இரு பாலாரிலும் சுமார் 1 விழுக்காட்டினரே. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கான உதவித்தொகை வழங்குவதில்லை. 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் எளிதாக வேறு கல்லூரிக்கு மாற முடிவதால், கல்லூரிகள் அனுபவம் மிக்கோரை நாடுகின்றன. பள்ளியிலிருந்து நேரே வருவோருக்கான இடங்கள் மேலும் சுருங்கியுள்ளன.

ஆட்டத்திறன் மட்டும் போதாது. முதல் இரு பிரிவுகளில் ஆடுவதற்கு உயர்நிலைப்பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, குறிப்பிட்ட மதிப்பெண் சராசரியையும் பெற்றிருக்க வேண்டும்.

விமர்சனங்களும் சீர்திருத்தங்களும்

ஆட்டங்கள் மிகுந்து பயிற்சி குறைந்துள்ளது என்பது இம்முறையின் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு. என்பிஏ ஆட்டக்காரர் கோபி பிரையன்ட் 2015 ஜனவரியில், ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் அடிப்படைத் திறன்களில் மேம்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி, கழக முறை பிள்ளைகளுக்கு ஆட்டத்தைக் கற்பிக்கவில்லை என்று கடுமையாகச் சாடினார். ஐரோப்பாவில் தொழில்முறைக் கழகங்கள் தமது இளையோர் அணிகளைத் தாமே பயிற்றுவிக்கின்றன.

மறுபுறம், நல்ல கழகங்கள் இளையோருக்குப் பெருந்துணையாக இருந்துள்ளன. ஒகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் வறுமையில் வளர்ந்த லெப்ரான் ஜேம்ஸ், சிறுவயதில் ஷூட்டிங் ஸ்டார்ஸ் என்னும் உள்ளூர் அணியில் ஆடினார். அவருடைய நண்பர் ஒருவரின் தந்தையே பயிற்றுநர். 1999இல் ஒர்லாண்டோவில் 14 அகவைக்குட்பட்டோருக்கான தேசிய இறுதி ஆட்டத்தில் அவ்வணி 2 புள்ளிகளில் தோற்றது. பின்னர் அந்நண்பர்கள் ஒரே உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்து ஆடினர். 2008இல் வெளியான "மோர் தன் எ கேம்" ஆவணப்படம் இவர்களைப் பற்றியது.

2017 செப்டம்பரில், ஆட்டக்காரர்களின் குடும்பங்களுக்கு இரகசியமாகப் பணம் வழங்கியது தொடர்பாகக் கல்லூரித் துணைப் பயிற்றுநர்கள், காலணி நிறுவன அலுவலர் உள்ளிட்ட பத்துப் பேர் மீது நடுவண் அரசு குற்றம் சாட்டியது. இதையடுத்து முன்னாள் வெளியுறவுச் செயலர் காண்டலீசா ரைஸ் தலைமையிலான குழு 2018 ஏப்ரலில் அளித்த அறிக்கை, கோடைக்காலப் போட்டிகளின் பண வரவு செலவு வெளிப்படையாக இருக்க வேண்டும் என வலியுறுத்தியது.

சிறுவர் பாதுகாப்புக்கான நடுவண் சட்டம் ஒன்றும் 2018 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இளையோர் விளையாட்டில் ஈடுபடும் வயது வந்தோர், பாலியல் கொடுமை பற்றிய ஐயம் எழுந்தால் உரிய அதிகாரிகளிடம் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது இச்சட்டத்தின் கூறாகும். எனினும் எந்த அமைப்பிலும் பதிவு செய்யாத சிறு கழகங்களில் பயிற்றுநர் பின்னணியைச் சரிபார்க்கும் பொறுப்பு பெருமளவு பெற்றோரையே சார்ந்துள்ளது.

இவற்றையும் பார்க்க

* கூடைப்பந்தாட்டம்
* ஜேம்ஸ் நெய்ஸ்மித்
* தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம்
* லெப்ரான் ஜேம்ஸ்