சிங்கப்பூரில் கணினித் தமிழும் குறியேற்ற மாற்றமும்

மொழியின் வரலாற்றை எழுதப் புகுவோர் புலவர்களையும் நூல்களையும் விரிவாகக் குறிப்பர். அந்நூல்களைத் தாங்கி நின்ற எழுதுபொருள்களைக் குறிப்போர் சிலரே. கல், ஓலை, தாள், அச்சு, தட்டச்சுப்பொறி, கணினி என எழுதுகருவி மாறிய ஒவ்வொரு முறையும் தமிழ் ஒரு சோதனையைக் கடந்து வந்துள்ளது. ஓலையில் புள்ளியிட்டால் ஏடு பொத்தலாகும் என்றஞ்சி, மெய்யெழுத்துகளைப் புள்ளியின்றியே எழுதினர் நம் முன்னோர். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வரிவடிவில் தெளிவாக வேறுபடுத்தும் பணியைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்தார். பழுதாகும் முன்னர்ப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதப்பட்ட நூல்கள் பிழைத்தன. பெயர்த்தெழுதுவார் இல்லாத நூல்கள் செல்லுக்கு இரையாயின. உ. வே. சாமிநாதையர் ஊர்ஊராக அலைந்து ஏடு தேடிய வரலாறு, காலத்தில் பெயர்த்தெழுதப்படாத நூல்களுக்கு நேரும் கதியையும் நமக்கு உணர்த்துகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இதே சோதனை கணினியின் வாயிலாக மீண்டும் வந்தது. இம்முறை செல்லும் இல்லை, நெருப்பும் இல்லை. கணினியின் இயங்குதளம் மாறியது. அம்மாற்றத்தால் நேற்று எழுதிய தமிழ் இன்று படிக்க இயலாததாயிற்று. அச்சிக்கலின் தோற்றத்திலும் தீர்விலும் சிங்கப்பூருக்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு.

எழுதுகருவியும் சிங்கப்பூரும்

சிங்கப்பூர்த் தமிழர் எழுதுகருவியின் பயனை முன்னரே உணர்ந்தவர்கள். 1887ஆம் ஆண்டில் 'சிங்கை நேசன்' இதழ் இங்கே அச்சாகி வெளிவந்தது. 1935ஆம் ஆண்டில் 'தமிழ் முரசு' தோன்றியது. யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து, இளமையிலேயே சிங்கப்பூருக்கு வந்து, ஒரு வணிக நிறுவனத்தில் பணியாற்றிய இரா. முத்தையா என்பவரே தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை எனப் போற்றப்படுகிறார். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்குவது எங்ஙனம் என்பதே அவர்முன் நின்ற வினா. மேல்விலங்கு போன்ற குறிகளை அடிக்கும்போது தாள் நகராமல் நிற்குமாறு 'நகரா விசை'யை அமைத்து அவர் விடை கண்டார். அதே வினா கணினியிலும் எழுந்தது. ஆனால் அதற்கு ஒருவர் அன்றிப் பலர் விடை கண்டனர். அவ்விடைகள் ஒன்றோடொன்று ஒவ்வாதனவாக இருந்தன.

எழுத்துருக்களின் காலம்

கணினி எழுத்துகளை அறியாது, எண்களையே அறியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என வகுப்பதே குறியேற்றம். தனிக்கணினி பரவிய காலத்தில் 256 இடங்களைக் கொண்ட பட்டியலே வழக்கில் இருந்தது. அதன் முற்பாதியாகிய 128 இடங்களில் உரோமன் எழுத்துகளும் எண்களும் நிறுத்தற்குறிகளும் அமர்ந்துவிட்டன. எஞ்சிய 128 இடங்களுக்குள் தமிழைப் புகுத்த வேண்டியதாயிற்று. எனவே உயிர்மெய்களைக் கொம்பு, கால், விலங்கு எனப் பிரித்து வைத்தனர். இயங்குதளம் தமிழ் அறியாததாயினும், தமிழ் எழுத்துரு ஒன்றைப் பொருத்திவிட்டால் திரையில் தமிழ் தோன்றும். உள்ளே இருப்பன எண்கள். எழுத்துரு அவற்றின்மீது போர்த்திய ஆடை.

இம்முறை எளியது; அதனாலேயே விரைந்து பரவியது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் தொடங்கிய 'முரசு' மென்பொருள் இவ்வட்டாரத்தில் பெரிதும் வழங்கியது. ஆயினும் மென்பொருள் செய்தோர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எண்களைப் பங்கிட்டனர். ஒரு பட்டியலில் ககரத்தைக் குறித்த எண் மற்றொன்றில் பகரத்தைக் குறித்தது. சிராங்கூன் சாலையிலுள்ள ஓர் அச்சகத்தில் கோத்த அழைப்பிதழை வேறோர் எழுத்துரு பொருத்திய கணினியில் திறந்தால், பொருளற்ற குறிகளின் குவியலே தோன்றும். ஆசிரியர் ஒருவர் வீட்டில் தட்டச்சு செய்த வினாத்தாளைப் பள்ளிக்கு எடுத்துச் செல்லும்போது எழுத்துருவையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது.

இணையத்தில் தமிழ்

இந்நிலையில்தான் சிங்கப்பூரில் ஒரு முன்முயற்சி நிகழ்ந்தது. 1995ஆம் ஆண்டு அக்டோபரில், நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அமைந்த சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்துகளிலேயே அதில் இடம்பெற்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தான் டின் வீ குழுவினரும், தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர் நா. கோவிந்தசாமியும் அதற்காக உழைத்தனர். கோவிந்தசாமி சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர்களுக்கு ஆசிரியர். சங்கப் புலவர் ஒருவரை நினைவூட்டும் 'கணியன்' என்னும் பெயரில் அவர் தமிழ்க் கணினி முறையை உருவாக்கினார். இலக்கியம் படைத்தவரே எழுதுகருவியையும் படைக்க முற்பட்டது தமிழ் வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகும்.

1997ஆம் ஆண்டு இரு வகையில் சிறப்புடையது. அவ்வாண்டு கல்வி அமைச்சு தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை அறிவித்தது. இரு மாணவர்க்கு ஒரு கணினி, பாட நேரத்தில் 30 விழுக்காடு கணினிவழிக் கற்றல் என்பன அதன் இலக்குகள். தமிழாசிரியரும் இத்திட்டத்துக்கு விலக்கல்லர். அதே ஆண்டு மே மாதத்தில், தமிழ்க் கணினி வல்லுநர்கள் பலரும் கூடிய 'தமிழ்நெட் 97' கருத்தரங்கு தேசியப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. ஒரே குறியேற்றமும் ஒரே விசைப்பலகையும் வேண்டும் என்ற குரல் அங்கே வலுப்பெற்றது.

அக்குரலுக்கு இரு விடைகள் கிடைத்தன. பல நாடுகளிலிருந்த ஆர்வலர்கள் கூடி விவாதித்துத் 'திஸ்கி' என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி 'டாம்', 'டாப்' என்னும் குறியேற்றங்களும் 'தமிழ் 99' விசைப்பலகையும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. ஒன்றை வேண்டியவர்களுக்கு மூன்று கிடைத்தன. அதே 1999இல் நா. கோவிந்தசாமி மறைந்தார். தமிழைத் தானே அறிந்த இயங்குதளம் அடுத்த ஆண்டில் வரவிருந்தது. அதைக் காண அவர் இல்லை.

புதிய இயங்குதளமும் புதிய இடர்களும்

உலக மொழிகள் அனைத்தையும் ஒரே பட்டியலில் அடக்கும் யூனிகோடு என்னும் ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. தமிழும் அதில் இடம்பெற்றது. எனினும் விண்டோஸ் 95, 98 ஆகிய இயங்குதளங்களில் ஒருங்குறித் தமிழுக்கு ஆதரவில்லை. ஒருங்குறியில் 'கொ' என்பது ககரம், அதன்பின் ஒகரக்குறி என்ற வரிசையில் சேமிக்கப்படும். திரையில் தோன்றும்போது குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும். இப்பணியை எழுத்துரு மட்டும் செய்ய இயலாது. இயங்குதளமும் துணை நிற்க வேண்டும். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000 அத்துணையைத் தந்தது. 2001இல் வந்த எக்ஸ்பி அதனை வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தது.

தமிழ் தெரிந்த இயங்குதளம் வந்தபின் தமிழர் மகிழ்ந்திருக்க வேண்டுமல்லவா? மகிழ்ச்சியோடு இடர்களும் வந்தன. எக்ஸ்பியில் தமிழ் ஆதரவு இயல்பாகவே இயங்கவில்லை. அமைப்புப் பக்கத்திற்குச் சென்று, கூட்டெழுத்து மொழிகளுக்கான பகுதியை நிறுவல் வட்டின் துணையோடு சேர்க்க வேண்டியிருந்தது. இதனை அறியாதவர் திரையில் வெற்றுக் கட்டங்களே தோன்றின. அல்லது கொம்பு இடம் மாறி நின்றது. பழைய இயங்குதளத்தை வைத்திருந்தோர் புதிய கோப்பைப் படிக்க இயலவில்லை. புதியதற்கு மாறியோர் பழைய கோப்புகளைக் கண்டு திகைத்தனர்.

ஓர் எழுத்துக்கு நேர்ந்த கதி இவ்விடர்களின் தன்மையைத் தெளிவாகக் காட்டும். திஸ்கிப் பட்டியலில் இகரத்துக்கு 173ஆம் இடம் தரப்பட்டிருந்தது. பன்னாட்டுப் பட்டியலில் அவ்விடம், வரியின் இறுதியில் சொல் முறியும்போது மட்டும் தோன்றும் மறைவான இணைப்புக்குறிக்கு உரியது. அவ்விதியைப் பின்பற்றிய மென்பொருள்கள் அதனைக் காட்டாது விட்டன. 'இலக்கியம்' எனத் தட்டச்சு செய்தவர் 'லக்கியம்' எனக் கண்டார். பின்னர்த் திஸ்கியின் திருத்தப் பதிப்பில் இகரத்துக்கு 254ஆம் இடத்தை ஒதுக்கி இக்குறையைப் போக்கினர். கருவியின் விதியை அறியாது கட்டிய வீடு, கருவி மாறும்போது ஆட்டங்காணும் என்பதற்கு இது சான்று.

அச்சகத்தார் நிலை வேறு. பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் ஒருங்குறித் தமிழைச் செவ்வனே கையாள மேலும் பல ஆண்டுகள் ஆயின. எழுத்தாளர் ஒருங்குறியில் எழுதித் தந்ததை அவர்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றியே நூலாக்க வேண்டியிருந்தது. கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கம் சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் இருந்தது. புதிய இயங்குதளத்தைப் பெறுவது எளிது. அதற்கேற்ப ஆண்டுக்கணக்கில் சேர்த்த கோப்புகளை மாற்றுவதே அரிது. பழைய பொறியையே வைத்திருக்க விரும்பியோரைச் சோம்பலுடையோர் எனல் தகாது. அவர்களுக்கு அன்றாடத் தொழில் அதில் இருந்தது.

இருதரப்பு வாதங்கள்

மாற்றத்தை எதிர்த்தோரின் வாதங்களில் இலக்கண நெறியும் இருந்தது. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்கென வகுக்கப்பட்ட 'இஸ்கி' முறையின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைத் தழுவியது. வடமொழி எழுத்துவரிசையை அடியொற்றிய அம்முறையில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று இடங்கள் தமிழில் வெறுமையாக உள்ளன. ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன் நிற்கின்றன. னகரம் நகரத்தை அடுத்து நிற்கின்றது. இது நெடுங்கணக்கு முறையன்று. மேலும், உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்பது தமிழிலக்கணம். ஒருங்குறியிலோ உயிர்மெய்யாகிய ககரமே அடிப்படை; அதனோடு புள்ளி சேர்ந்தே மெய் பிறக்கின்றது. கொரிய மொழியின் அசையெழுத்துகளுக்கு 11,172 இடங்கள் அளிக்கப்பட்டிருக்க, தமிழுக்கு 128 இடங்களே உள்ள பகுதி போதுமா என்றும் வினவினர். எழுத்துக்கு ஓரிடம் தரும் அனைத்தெழுத்துக் குறியேற்றமே தகும் என்பது அவர்கள் முடிபு.

ஆதரித்தோர் கூறிய விடையும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. உள்ளே எண்கள் எவ்வரிசையில் இருப்பினும், அகரவரிசைப்படுத்தும் விதியைத் தனியே வகுக்கலாம். எழுதுவோரும் படிப்போரும் காண்பது தமிழையே, உட்குறியை அன்று. உலகின் இயங்குதளங்கள் அனைத்தும் ஏற்ற முறையை விட்டுத் தமிழர் தனித்து நின்றால் தேடுபொறியிலும் நூலகப் பட்டியலிலும் தமிழ் இடம்பெறாது போகும். எல்லாவற்றினும் மேலாக, ஒருமுறை நிலைபெற்ற எண்களை மாற்றினால், அதுவரை எழுதிய அனைத்தும் மீண்டும் படிக்க இயலாதனவாகும். எந்த நோய்க்கு மருந்து தேடினோமோ அந்த நோயையே மீண்டும் வரவழைப்பதாகும்.

இவ்வாதங்கள் நிகழ்வதற்குரிய பொதுக்களம் சிங்கப்பூரிலேயே அமைந்தது. 2000ஆம் ஆண்டு ஜூலையில் இங்கு நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் 'உத்தமம்' எனச் சுருக்கமாக வழங்கும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று. 2010ஆம் ஆண்டு கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறி இயங்காத இடங்களுக்கு அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் ஏற்றது. வாதத்தில் இருதரப்பும் முற்றிலும் தோற்கவில்லை. எனினும் நாளடைவில் நடைமுறை ஒருங்குறியின் பக்கமே சென்றது.

விளைவும் படிப்பினையும்

பெயர்த்தெழுதும் பணி எங்கே எளிதாயிற்று, எங்கே இடர்ப்பட்டது என்பது ஆராயத்தக்கது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் துணையோடு மின்னேடுகளாக்கியது. அவை பொது ஏற்புடைய திஸ்கியில் அமைந்திருந்தமையால், பின்னர் ஒருங்குறிக்கு ஒழுங்குற மாற்றப்பட்டன. தனியார் ஒருவரின் எழுத்துருவில் எழுதி நெகிழ்வட்டில் வைத்த கோப்புகளுக்கு அந்த வாய்ப்பு அரிதாயிற்று. 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகள் பல குறியேற்றங்களுக்கு உதவின. ஆயினும் வட்டைப் படிக்கும் பொறியும் மறைந்து, எழுத்துருவின் பெயரும் மறந்தபின் மாற்றி என்ன செய்யும்? எண்கள் இருக்கும், அவற்றின் பொருள் இராது.

அச்சுநூல் உள்ளவரை மீட்புக்கு வழியுண்டு. 1965 முதல் 2015 வரை வெளியான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைச் சமூகத் தொண்டர்கள் திரட்டி மின்மயமாக்கி, 2015இல் தேசிய நூலகத்தின் வாயிலாக நாட்டுக்கு அளித்தனர். அச்சேறாத கையெழுத்துப் படிகளுக்கும், பள்ளிப் பாடக்குறிப்புகளுக்கும், சங்கங்களின் நடவடிக்கைக் குறிப்புகளுக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை.

இயங்குதள மாற்றம் இன்றும் ஓயவில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. ஒவ்வொரு முறையும் பழையதை விட மனமின்மையும் புதியதன்மீது ஐயமும் எழுகின்றன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஒருங்குறியில் எழுதியவர், இயங்குதளம் மாறினால் தம் தமிழ் சிதையுமோ என அஞ்ச வேண்டியதில்லை. இரு தலைமுறையின் உழைப்பால் கிடைத்த ஊதியம் இது.

காலத்துக்கேற்ற மாற்றத்தை ஏற்கும் நெறியை நன்னூலார் தம் நூலின் இறுதி நூற்பாவிலே வைத்தார். எனினும் வடிவம் மாறும்போது பொருளைக் காத்துக்கொள்ளும் கடமை ஏட்டை உடையவரையே சாரும். வீட்டு அலமாரியில் பழைய வட்டுகளை வைத்திருக்கும் ஆசிரியர்களும், அவர்களிடம் பயிலும் மாணவர்களும் அவற்றை எடுத்துப் பார்க்க வேண்டிய காலம் இது. எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என நினைவுகூர வல்லவர் நம்மிடையே உள்ளபோதே அப்பணி முடிதல் வேண்டும். அவர் மறைந்தபின் அந்த ஏட்டைத் தேடி அலைந்தும் பயனில்லை. ஏடு கையில் இருக்கும், எழுத்துதான் இராது.