படகு விசிறியும் அதன் பரீட்சையும்

ஒரு கருவி நல்லதோ அன்றோ என்பதை அதன் தோற்றங்கண்டு துணிவார் பலர். விலை கண்டு துணிவார் பலர். விற்பவன் சொல் கேட்டுத் துணிவார் அவரினும் பலர். அதனை உரிய இடத்தில், உரிய பாரத்தோடு வைத்துச் சோதித்துத் துணிவார் மிகச் சிலரே. இவ்வுண்மைக்குப் படகின் பின்புறத்தில் நீரினுள் மறைந்து சுழலும் ப்ரொபெல்லர் என்னும் விசிறியினும் சிறந்த சான்று காண்பது அரிது. அதன் வரலாறு முழுவதும் பரீட்சையின் வரலாறேயாம். அவ்வரலாற்றை ஒருவாறு எடுத்துரைத்து, அதனின்று இன்று அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்போர் கொள்ளத்தக்க பயன் யாதென்று காட்டுவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

விசிறியின் மூலக்கருத்து பழமையானது. மரையாணி ஒரு சுற்றுச் சுற்றினால் மரத்தினுள் ஒரு குறித்த தூரம் செல்வதுபோல, நீரில் ஒரு திருகைச் சுழற்றினால் அது நீரைப் பின்தள்ளித் தான் முன்செல்லும். நீர் இறைக்கும் திருகுக்குக் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் என்னும் கிரேக்க அறிஞரின் பெயரே வழங்கி வருகின்றது. எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நீராவிக் கப்பல்கள் தோன்றியபோது அவற்றை நடத்தியவை இரு பக்கங்களிலும் பூட்டப்பட்ட துடுப்புச் சக்கரங்களே. ஆற்றில் அவை செவ்வனே இயங்கின. கடலிலோ, கப்பல் ஒருபுறம் சாயுந்தோறும் ஒரு சக்கரம் நீரில் அமிழ, மற்றொன்று காற்றில் வீணே சுழன்றது. சரக்கு மிகுந்தால் சக்கரம் அளவுக்கு மீறி ஆழ்ந்தது, குறைந்தால் மேலெழுந்தது. போர்க்காலத்தில் ஒரு குண்டு பட்டாலும் கப்பல் முடமாயிற்று. ஆதலின் நீருக்குள் மறைந்து இயங்கும் ஒரு கருவியைப் பலரும் பல தேசங்களில் தேடலாயினர்.

அவருள் ஒருவர் ஜோசப் ரெஸ்ஸெல். பொஹீமியா நாட்டில் 1793-ஆம் வருஷம் பிறந்து, ஆஸ்திரிய அரசாங்கத்தின் வன அதிகாரியாக அலுவல் பார்த்தவர். 1827-ஆம் வருஷம் கப்பல் திருகுக்குக் காப்புரிமை பெற்று, 1829-ஆம் வருஷம் ட்ரியெஸ்ட் துறைமுகத்தில் ‘சிவெட்டா’ என்னும் சிறு கப்பலில் அதனைப் பூட்டி ஓட்டினார். கப்பல் நன்றாகவே முன்சென்றது. ஆனால் சிறிது தூரத்துக்குள் நீராவிக் குழாய் ஒன்று வெடிக்கவே, கப்பல் நின்றுவிட்டது. உடனே போலீஸார் மேற்கொண்டு பரீட்சை நடத்தலாகாதெனத் தடை விதித்தனர். குற்றம் குழாயில், தண்டனையோ திருகுக்கு! மறுமுறை முயலும் வாய்ப்பை இழந்த ரெஸ்ஸெல், 1857-ஆம் வருஷம் தம் உழைப்பின் பயனைக் காணாமலே காலமானார்.

இங்கிலாந்தில் பிரான்ஸிஸ் பெட்டிட் ஸ்மித் என்பவருக்கு நேர்ந்ததோ இதற்கு மாறானது. அவர் பொறியியல் கற்றவரல்லர். 1808-ஆம் வருஷம் கெண்ட் மாகாணத்து ஹைத் என்னும் ஊரிற் பிறந்து, பண்ணைத் தொழில் செய்து வந்தவர். வில்லால் இயங்கும் சிறு மாதிரிப் படகொன்றைச் செய்து, திருகு பூட்டிக் குளத்தில் விட்டுப் பார்த்து, 1836-ஆம் வருஷம் மே மாதம் காப்புரிமை பெற்றார். ஸ்வீடன் தேசத்தவரான ஜான் எரிக்ஸன் என்னும் பொறியியல் வல்லுநர் வேறொரு வகை விசிறிக்கு அவ்வருஷம் ஜூலையிலேயே காப்புரிமை பெற்றமை ஈண்டுக் கருதத்தக்கது. ஒரே காலத்தில் இருவர் ஒரே வழியில் நடந்தனர்.

ஸ்மித் தம் ஆறு டன் படகுக்கு மரத்தாலான திருகு ஒன்றைப் பூட்டியிருந்தார். அது இரண்டு முழுச் சுற்றுக்கள் கொண்டது. சுற்றுக்கள் மிகுந்தால் வேகமும் மிகும் என்பதே அவருடைய எண்ணம். 1837-ஆம் வருஷம் பிப்ரவரியில் கால்வாயில் ஓட்டிக்கொண்டிருந்தபோது அத்திருகு ஏதோ ஒன்றில் மோதி, ஏறக்குறையப் பாதி ஒடிந்து வீழ்ந்தது. படகு நின்றுவிடும் என்றே கண்டவர் கருதியிருப்பர். படகோ முன்னினும் விரைந்து ஓடிற்று! முன்பகுதி ஏற்கெனவே தள்ளிவிட்ட நீரிலேயே பின்பகுதியும் சுழன்று, உராய்வை மிகுதிப்படுத்தியதன்றி வேறு பயன் தரவில்லை என்பது அன்றுதான் விளங்கிற்று. ஸ்மித் தம் கொள்கையைக் கட்டிக்கொண்டு அழவில்லை. ஒரே சுற்றுள்ள திருகைச் செய்து பூட்டி, அவ்வருஷம் செப்டம்பரில் கொந்தளித்த கடலில் டோவர் வழியாகத் தம் பிறந்த ஊராகிய ஹைத் வரை ஓட்டிக் காட்டினார். நீரின் தீர்ப்பைத் தலைவணங்கி ஏற்ற பெருமை அவருடையது.

எரிக்ஸனும் 1837-ஆம் வருஷம் தம் படகினால் பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர்கள் ஏறிய படகொன்றைத் தேம்ஸ் நதியில் இழுத்துச் சென்று காட்டினார். கண்முன் நிகழ்ந்ததைக் கண்டும் அவர்கள் மனம் இளகவில்லை. பின்புறத்தில் உந்தப்படும் கப்பலைத் திருப்புதல் இயலாது என்பது அவர்களுடைய முடிவு. அவர் மனம் வெதும்பி 1839-ஆம் வருஷம் அமெரிக்கா சென்றார். அவருடைய விசிறியால் இயங்கிய ‘பிரின்ஸ்டன்’ போர்க்கப்பல் 1843-ஆம் வருஷம் அந்நாட்டில் நீரில் இறக்கப்பட்டது.

ஸ்மித்தின் ‘ஆர்க்கிமிடீஸ்’ என்னும் கப்பல் 1838-ஆம் வருஷம் நீரில் இறக்கப்பட்டு, பின்னர் பிரிட்டன் தீவைச் சுற்றி வந்து துறைதோறும் மக்களுக்குக் காட்சியளித்தது. அதனைக் கண்டவருள் இஸம்பார்டு கிங்டம் புரூனெல் தலையாயவர். அவர் அப்பொழுது ‘கிரேட் பிரிட்டன்’ என்னும் இரும்புப் பெருங்கப்பலைத் துடுப்புச் சக்கரங்களுக்கென்றே கட்டிக்கொண்டிருந்தார். எனினும் ஆர்க்கிமிடீஸைச் சில மாதங்கள் இரவலாகப் பெற்று, பலவகைத் திருகுகளை அதிற் பூட்டிப் பார்த்து, 1840-ஆம் வருஷ முடிவில் தம் கப்பலின் அமைப்பையே மாற்றிவிட்டார். 1843-ஆம் வருஷம் நீரில் இறங்கிய அக்கப்பல், 1845-ஆம் வருஷம் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்தது. அதன் முதல் விசிறி ஆறு இதழ்களும் 15½ அடி விட்டமும் உடையது. அவ்விதழ்கள் அவ்வருஷமே ஒன்றன்பின் ஒன்றாக ஒடியவே, நான்கு இதழ் விசிறி ஒன்று மாற்றாக அமைந்தது. பேரறிஞர் தேர்ந்ததும் முதல் முறையில் நிலைக்கவில்லை!

கடற்படையார் ஈற்றில் தாமே சோதிக்க இசைந்தனர். ‘ராட்லர்’ என்னும் கப்பலில் 1843-ஆம் வருஷம் முதல் வெவ்வேறு வகை விசிறிகளை மாற்றி மாற்றிப் பூட்டி ஓட்டினர். 1845-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ஆம் நாள் ராட்லரையும், துடுப்புச் சக்கரமுடைய ‘அலெக்டோ’வையும் பின்னோடு பின்னாகப் பிணித்து எதிரெதிரே இழுக்கவிட்டனர். ராட்லர், அலெக்டோவைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது. இக்காட்சியே சக்கரத்தின் காலத்தை முடித்தது என்பர். அது முற்றும் உண்மையன்று. அதற்கு முன்னரே கடற்படையார் விசிறிக் கப்பல்கள் பலவற்றுக்கு உத்தரவிட்டிருந்தனர். இரண்டு வருஷம் பொறுமையுடன் நடத்தி எழுதி வைத்த பரீட்சைகளே தீர்ப்பை அளித்தன. கயிறிழுப்பு அத்தீர்ப்பை ஊரறியச் செய்த முரசொலியே.

ஐம்பது வருஷங்கழித்து மற்றொரு புதிர் தோன்றிற்று. சார்ல்ஸ் பார்ஸன்ஸ் என்னும் அறிஞர் தாம் கண்ட நீராவி டர்பைனைப் பூட்டிய ‘டர்பினியா’ என்னும் கப்பலை 1894-ஆம் வருஷம் ஓட்டினார். இயந்திரமோ மிகு வலியது. கப்பலோ மணிக்கு இருபது கடல் மைல் வேகத்தையும் எட்டவில்லை. விசிறிகளை மாற்றினார், பயனில்லை. விசிறி அளவுக்கு மீறி விரைந்து சுழலுங்கால் இதழின் ஒருபுறத்தில் அழுத்தம் குறைந்து, நீர் ஆவிக்குமிழிகளாகிவிடுகின்றது. அப்பொழுது இதழுக்குப் பற்றுக்கோடு இல்லாமற் போகின்றது. கேவிடேஷன் எனப்படும் இதனைக் கண்ணாரக் காண வேண்டி, அவர் சிறு நீர்த்தொட்டி ஒன்றமைத்து, அதனுள் மாதிரி விசிறியைச் சுழற்றி, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கொளியில் நோக்கினார். பின்னர் ஒரு தண்டுக்கு மாறாக மூன்று தண்டுகளும், ஒவ்வொன்றிலும் மும்மூன்றாக ஒன்பது விசிறிகளும் அமைத்தார். வேகம் 34 கடல் மைலுக்கு உயர்ந்தது. 1897-ஆம் வருஷம் விக்டோரியா மகாராணியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பில், துரத்திய படகுகளுக்கு எட்டாமல் அது விரைந்தோடியதை உலகம் வியந்து கண்டது.

பெருங்கப்பலுக்குரிய இவ்விசிறி சிறு படகுக்கு வந்த கதை இனி. அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மன் என்பவர், படகின் பின்பலகையில் மாட்டிக் கழற்றத்தக்க மோட்டாரை இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தில் விற்கத் தொடங்கினார். நார்வே தேசத்திற் பிறந்து மில்வாக்கி நகரில் வாழ்ந்த ஓல் எவின்ரூட் 1909-ஆம் வருஷம் வெளியிட்ட மோட்டார் பெரும் புகழ் பெற்றது. அதன் வலிமை 1½ குதிரைத் திறன். எடை 62 ராத்தல். நம் தென்கரைகளில் 1980-ஆம் வருஷத்துக்குப் பின் நாட்டுப் படகுகளிலும், 2004-ஆம் வருஷத்துச் சுனாமிக்குப் பின் பெருகிய பைபர் படகுகளிலும் மோட்டாரொலி கேட்பது நாம் அறிந்ததே.

மோட்டாரைப் பலநாள் யோசித்து வாங்கும் நாம், அதன் விசிறியைக் கடையிற் கொடுத்தபடி பூட்டிக்கொள்கிறோம். இதுவே பெரும்பிழை. விசிறிக்கு முக்கியமான அளவுகள் இரண்டு. ஒன்று விட்டம், மற்றொன்று பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு நீரில் நழுவாமற் சென்றால் கடக்கக்கூடிய தூரம். பிட்ச் மிகுந்தால் மோட்டார் பாரந்தாங்காமல் திணறி, வெப்பமேறி, நாளடைவிற் கெடும்; எண்ணெயும் வீணாகும். பிட்ச் குறைந்தால் மோட்டார் அளவு மீறிச் சுழன்று தேயும், படகும் விரையாது.

உதாரணமாக ஒன்று காண்போம். ஒரு விசிறியின் பிட்ச் 15 அங்குலம். மோட்டார் நிமிஷத்துக்கு 5000 சுற்று. பல்சக்கரங்கள் அதனைப் பாதியாக்குகின்றன என்று கொள்வோம். விசிறி 2500 முறை சுழன்று, நிமிஷத்துக்கு 3125 அடி, அஃதாவது மணிக்கு 35½ மைல் செல்லவேண்டும். படகு உண்மையில் 30 மைலே சென்றால், நூற்றுக்கு 15½ பங்கு நழுவலாயிற்று. நழுவல் சிறிதேனும் இன்றி எந்த விசிறியும் தள்ளாது. அளவு மிகுந்தாலோ காரணம் தேடவேண்டும்.

புது விசிறியைச் சோதிக்கும் முறை வருமாறு. முதலில் படகின் அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் அகற்றுக. நாள்தோறும் ஏற்றும் ஆட்களையும், வலையையும், எண்ணெயையும் ஏற்றுக. வெறும் படகில் நன்றாயோடிய விசிறி, மீன்பாரத்தோடு கரை திரும்புகையில் காலை வாரிவிடும். காற்று எழுந்த நாளில் அதுவே உயிர்க்கு இடராகும். பின்னர் அமைதியான நீரில், குளிப்போர் இல்லாத இடத்தில், குறித்த தூரத்தை முழு விசையில் ஒருமுறை போயும் ஒருமுறை வந்தும் ஓட்டி, இரு வேகங்களின் சராசரியைக் கொள்க. அதனால் நீரோட்டத்தின் மயக்கம் நீங்கும். மோட்டார் செய்தோர் முழு விசைக்குக் குறித்துள்ள சுற்றுக்களின் எல்லைக்குள் சுற்று நிற்கிறதா என்று பார்க்க. அவ்வெல்லை 5000 முதல் 6000 வரையாக இருக்க, நம் மோட்டார் 4600-ல் திணறினால் பிட்சைக் குறைக்க வேண்டும். ஓர் அங்குலம் குறைத்தால் சுற்று ஏறக்குறைய 150 முதல் 200 வரை கூடும் என்பது தொழிலறிந்தோர் கணக்கு. ஆகவே மூன்றங்குலம் குறைந்த விசிறி எல்லைக்குள் கொண்டுவரும். மிகுந்து சுற்றினால் பிட்சைக் கூட்டுக. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. விசிறியையும் மோட்டாரின் உயரத்தையும் ஒருங்கே மாற்றினால், விளைவு எதனால் வந்ததென்று அறிய வழியில்லை. கண்டதனைத்தும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க. விசிறியைக் கழற்றுமுன் மோட்டாரை நிறுத்தி, அது தற்செயலாய்க் கிளம்பாதவாறு செய்தல் இன்றியமையாதது. பழைய விசிறி பழுதற்றதாயின் எறியாமல் படகிலேயே மாற்றாக வைத்திருக்க.

இவையெல்லாம் பெரும் பொருட் செலவு வேண்டுவன அல்ல. ஒரு காலைப் பொழுதும், சிறிது எண்ணெயும், பிடிவாதமற்ற மனமுமே வேண்டும். விசிறியை வாங்குமுன், பொருந்தாவிடில் மாற்றித் தருவீரா என்று விற்பவரிடம் கேட்டு உறுதி பெறுதலும் நன்று. மறுமுறை முயலும் உரிமையன்றோ ஸ்மித்துக்கு வாய்த்து ரெஸ்ஸெலுக்கு மறுக்கப்பட்டது!

ஆதலின் நம் வாலிபர்களுக்கு யாம் விண்ணப்பித்துக்கொள்வது இது. விசிறி ஒடிந்தால் வருந்தாதீர். ஏன் ஒடிந்தது என்று பாருங்கள். ஒரு முறை தவறினால் கருவியைப் பழிக்காதீர். குற்றம் குழாயிலா திருகிலா என்று ஆராயுங்கள். பெரியோர் சொல்லையும் கடைக்காரர் சொல்லையும் மரியாதையுடன் கேளுங்கள். முடிவை மட்டும் நீரிடம் கேளுங்கள். நீர் ஒருவர் முகம் பார்த்து ஒருபோதும் தீர்ப்புச் சொல்லாது.