தொழுவத்துக்குள் வந்த எஞ்சின்

கிணற்று நீரை இறைக்க நம் முன்னோர் கமலை கட்டினார்கள். கொங்கு நாட்டார் அதையே கவலை என்பார்கள். இரண்டு மாடுகள் சரிவான பாதையில் இறங்கும், வடம் இழுபடும், சால் நிறைய நீர் மேலே வரும். காரியாபட்டி போன்ற கரிசல் பூமியில் விடியற்காலையில் தொடங்கும் இந்த இறைப்பு வெயில் ஏறும்வரை நடக்கும். பிறகு எண்ணெய் எஞ்சின் வந்தது. கமலை மாட்டுக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால் மாட்டின் வேலையை எடுத்துக்கொண்ட எஞ்சின், பல இடங்களில் மாட்டுத் தொழுவத்திலேயே குடியேறிவிட்டது! ஒரு பக்கம் கூளம், இன்னொரு பக்கம் படப்பு, காலடியில் சாணமும் கோமியமும். குளிர்நாட்டுத் தொழிற்கூடங்களில் பிறந்த எஞ்சின் இந்தச் சூழலில் வாழக் கற்றுக்கொண்டது எப்படி? அந்த வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எஞ்சின் வந்த வழி

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசலின் எஞ்சின் 1897இல் சோதிக்கப்பட்டபோது, எரிபொருளின் ஆற்றலில் 26 விழுக்காட்டை வேலையாக மாற்றிக் காட்டியது. அக்கால நீராவி எஞ்சின்கள் அந்த அளவை எட்டவில்லை. நம் சென்னை மாகாணத்தில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன், 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே எண்ணெய் எஞ்சினையும் பம்பையும் இணைத்துப் பாசனத்துக்குப் பயன்படுத்தும் முயற்சியில் முன்னின்றார். 1908இல் அவர் மாகாணத்தின் தொழில்துறை இயக்குநரானார்.

இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் நிறுவனம் 1867இல் தொடங்கப்பட்டது. செம்மறியாட்டு உரோமம் கத்தரிக்கும் கருவிகளும், பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் கருவிகளும் செய்த நிறுவனம் அது. 1930ஐ ஒட்டி அது வெளியிட்ட டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 சுற்றுகளே சுற்றும். ஆனால் சளைக்காமல் உழைக்கும். பிற்காலத்தில் குஜராத்தின் ராஜ்கோட்டில் இதன் மாதிரியில் ஏராளமான எஞ்சின்கள் செய்யப்பட்டன. புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின் நிறுவனம் 1946இல் தோன்றியது. கோயம்புத்தூரோ பம்பு செட்டுகளின் ஊராகவே பெயர் பெற்றது. இவ்வாறு எஞ்சின் சிறு விவசாயியின் கைக்கு எட்டியது.

எஞ்சினின் மூச்சு

எஞ்சின் டீசலை மட்டும் குடிப்பதில்லை, காற்றையும் குடிக்கிறது. ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரியக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். சிறு கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் பிஸ்டன் 110 மில்லிமீட்டர் தூரம் நகர்ந்தால், ஒருமுறை இழுக்கும் காற்று சுமார் 0.55 லிட்டர். நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால், நான்கு வீச்சு எஞ்சின் 750 முறை மூச்சிழுக்கும். மணிக்கு ஏறக்குறைய 25,000 லிட்டர் காற்று! அந்தக் காற்றில் தொழுவத்துத் தூசு கலந்திருந்தால் என்ன ஆகும்?

மண்புழுதியில் உள்ள குவார்ட்ஸ் துகள் இரும்பைவிடக் கடினமானது. வைக்கோலிலும் உமியிலும்கூட சிலிக்கா நிறைய உண்டு. இத்துகள்கள் பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே புகுந்தால், உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலத்தான். எஞ்சின் அழுத்தம் இழக்கும், எண்ணெய் குடிக்கும், புகை கக்கும்.

தொடக்கத்தில் இதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. டிராக்டர் புழுதி வயலில் இறங்கிய பிறகே பாடம் புரிந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஃபிராங்க் டொனால்ட்சன் என்பவர் 1915இல் டிராக்டர்களுக்கான காற்று வடிகட்டி செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1917இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டரில் காற்றைத் தண்ணீரில் அலசி அனுப்பினார்கள். தண்ணீர் வற்றினால் கதை முடிந்தது! ஆகவே தண்ணீரின் இடத்துக்கு எண்ணெய் வந்தது. இதுவே எண்ணெய்க் குளியல் வடிகட்டி.

இதன் தத்துவம் பள்ளியில் படித்த நிலைமம்தான். காற்று ஒரு குழாயில் வேகமாகக் கீழிறங்கி, எண்ணெய்ப் பரப்புக்கு மேலே சட்டென்று திரும்பி மேலே போகிறது. இலேசான காற்று திரும்பிவிடும். கனத்த தூசு திரும்ப முடியாமல் நேரே எண்ணெயில் விழும். தப்பிய துகளைக் கம்பி வலையில் படிந்த எண்ணெய் பிடித்துக்கொள்ளும். கிண்ணத்தில் எண்ணெய் குறைந்தால் தூசு உள்ளே போகும். குறியைத் தாண்டி ஊற்றினால் எண்ணெயே உறிஞ்சப்பட்டு எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955இல் ஏற்பட்ட மத்திய அரசு நிலையம் டிராக்டர்களைச் சோதிக்கிறது. வடிகட்டியிலிருந்து எண்ணெய் இழுபடுகிறதா என்பதும் அங்கு சோதிக்கப்படும். அந்தச் சிறு கிண்ணத்தின் குறி அவ்வளவு முக்கியம்.

எஞ்சினின் காய்ச்சல்

டீசல் தரும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கே வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதியைச் சிலிண்டர் சுவர் வழியே நாம் வெளியேற்றியாக வேண்டும். பழைய எஞ்சின்களுக்கு அருகே தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். சூடான நீர் இலேசாகி மேலேறும். குளிர்ந்த நீர் கீழே இறங்கி உள்ளே வரும். பம்பு இல்லாமலே நீர் சுழலும். காற்றால் குளிரும் எஞ்சினிலோ சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாகச் செதில்கள் இருக்கும். பரப்பு பெருகினால் வெப்பம் விரைவில் வெளியேறும்.

இந்தச் செதில்களின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி, அதன் மேல் கூளத்தூசு படிந்தால் என்ன ஆகும்? அத்தூசு வெப்பத்தைக் கடத்தும் திறன் வார்ப்பிரும்பின் திறனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். சித்திரை வெயிலில் எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தியது போலாகிவிடும். ரேடியேட்டரின் இடுக்குகளில் சொங்கு அடைத்தாலும் இதே கதைதான்.

பித்தளையைப் பிளந்த குதிரை லாயம்

தூசும் வெப்பமும் கண்ணுக்கும் கைக்கும் தெரியும். தெரியாத எதிரி ஒன்றும் தொழுவத்தில் உண்டு. அதை உலகுக்குக் காட்டியது இந்தியாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த ஆங்கிலேயப் படையின் துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள், மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. பருவத்தோடு வந்ததால் ‘பருவ வெடிப்பு’ என்றே அதற்குப் பெயரிட்டார்கள். தோட்டாக்கள் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தன. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் 1921இல் விளக்கம் தந்தார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து, உருவாக்கும்போதே உள்ளிறுக்கம் கொண்டுவிட்ட பித்தளையைப் பிளக்கிறது!

மாட்டுக் கோமியத்திலிருந்தும் இதே அம்மோனியா எழுகிறது. பித்தளை இணைப்புகள், தாமிரக் கம்பி முனைகள், பித்தளை ரேடியேட்டர் ஆகியவற்றுக்கு அது ஆகாது. எண்ணெய் எஞ்சினுக்குப் பதில் மின்மோட்டார் வைத்தவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது.

நாம் செய்யக்கூடியது

எஞ்சினைத் தொழுவுக்கு வெளியே, தனிக் கொட்டகையில், காற்று வரும் திசையில் வைப்பதே முதல் வழி. இடம் இல்லையென்றால், காற்று இழுக்கும் குழாயை நீட்டிக் கூரைக்கு மேலே உயர்த்தி வையுங்கள். வடிகட்டி எண்ணெய் குழம்பு போலானால் உடனே மாற்றுங்கள். தட்டை நறுக்கும் நாட்களில் தினமும் திறந்து பாருங்கள். செதில்களையும் ரேடியேட்டரையும் எஞ்சின் ஆறிய பிறகே சுத்தம் செய்யுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். ரேடியேட்டரைக் காற்றடித்துத் துடைக்கும்போது காற்று நுழையும் திசைக்கு எதிர்ப்புறமிருந்து அடியுங்கள். இல்லையேல் சொங்கு இன்னும் உள்ளே போய் அடைக்கும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. முழுச் சுமையில் ஓடும் எஞ்சினின் புகைக்குழாய் 300 டிகிரி செல்சியசைத் தாண்டக்கூடும். உலர்ந்த கூளம் பற்றிக்கொள்ள அவ்வளவு சூடு தேவையில்லை. பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் தீயின் குணத்தை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் படப்புக்கு அருகே உறுமும் எஞ்சினும் ஒரு தீக்குச்சிதான் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு படப்பு எரிந்தால் கோடை முழுவதும் மாட்டுக்குத் தீனி இல்லை. தொழு எரிந்தால் மாடே இல்லை.

இவ்வளவும் எஞ்சினுக்காக மட்டுமா? தூசும் அம்மோனியாவும் நிறைந்த காற்று எஞ்சினின் சிலிண்டரைத் தேய்ப்பது போலவே மாட்டின் நுரையீரலையும், தினமும் அங்கே தீனி வைக்கும் மனிதரின் நுரையீரலையும் கெடுக்கிறது. எஞ்சின் புகையும் அவ்வாறே. எஞ்சின் தன் துன்பத்தைக் கரும்புகையாகக் காட்டிவிடும். மாடு வாய் திறந்து சொல்லாது. வடிகட்டிக் கிண்ணத்தில் வண்டல் விரைவாகப் படிகிறதென்றால், அந்தத் தொழுவில் மூச்சு விடும் அனைவருக்கும் அதே வண்டல் காத்திருக்கிறது என்று பொருள். அடுத்த முறை அந்தக் கிண்ணத்தைத் திறக்கும்போது இதையும் எண்ணிப் பாருங்கள்.